அடுத்த தூரத்துக்கு உடம்பு தயாரா?

1984 அக்டோபர், ஹவாயின் கோனாவில் அயர்ன்மேன் டிரையத்லானின் உலகப் போட்டி. நீச்சலையும் 180 கிலோமீட்டர் சைக்கிளையும் முடித்து ஓடத் தொடங்கியபோது மார்க் ஆலன் மற்ற எல்லோரையும்விடப் பத்து நிமிடத்துக்கும் மேல் முன்னால் இருந்தார். பிரான்சின் நீஸ் நகரில் நடக்கும் டிரையத்லானை 1982 முதல் வரிசையாக வென்றுகொண்டிருந்தவர் அவர். ஆனால் எரிமலைப் பாறைகளுக்கு நடுவே போகும் அந்த நெடுஞ்சாலையில், உச்சி வெயிலில், அவருடைய ஓட்டம் நடையாகிவிட்டது. டேவ் ஸ்காட் அவரைத் தாண்டிப் போய், 9 மணி நேரத்துக்குள் பந்தயத்தை முடித்து வென்றார். ஆலனுக்குக் கிடைத்தது 5-ஆம் இடம்.

ஆலனிடம் வேகத்துக்குக் குறைவில்லை. அயர்ன்மேனைவிடக் குறுகிய தூரங்களில் அவரை வெல்வது அரிதாகவே இருந்தது. கோனாவிலோ ஆறு முறை தோற்றுவிட்டு, 1989-இல் ஏழாவது முயற்சியில்தான் வென்றார். அதுவும் டேவ் ஸ்காட்டை ஒரு நிமிடத்துக்கும் குறைவான இடைவெளியில். குறுகிய போட்டியில் ஒருவர் எவ்வளவு நன்றாகச் செய்கிறார் என்பது நீண்ட போட்டிக்கு அவர் தயாரா என்று சொல்லிவிடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

டிரையத்லானில் நான்கு தூரங்கள் பரவலாக நடக்கின்றன. ஸ்பிரிண்ட்: 750 மீட்டர் நீச்சல், 20 கி.மீ. சைக்கிள், 5 கி.மீ. ஓட்டம். ஒலிம்பிக் தூரம் அதைப்போல இரண்டு மடங்கு. அடுத்தது மைல் கணக்கில் 70.3 என்று பெயர் பெற்ற அரை அயர்ன்மேன்: 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம். முழு அயர்ன்மேன் அதற்கும் இரு மடங்கு. கடைசியில் ஒரு முழு மாரத்தான். நம் பக்கத்தில் 70.3 போட்டி கொழும்பில் 2018 முதல் 2020 வரை நடந்தது. கோவாவில் 2019-இல் தொடங்கியது. ஆகவே ஒலிம்பிக் தூரத்தை முடித்த மறுநாளே "அடுத்து கோவாதானே?" என்று நண்பர்கள் கேட்பதும், அந்த உற்சாகத்திலேயே பணம் கட்டிவிடுவதும் இயல்பாகிவிட்டது.

தூரம் இரண்டு மடங்கானால் உழைப்பும் இரண்டு மடங்கு என்று கணக்குப் போடுகிறோம். உடம்பு அப்படிக் கணக்குப் போடுவதில்லை. இரண்டரை, மூன்று மணி நேரத்தில் முடியும் போட்டியைக் கையிருப்புச் சக்தியைக் கொண்டே பெரும்பாலும் ஒப்பேற்றிவிடலாம். ஆறு, ஏழு மணி நேரம் போகும் போட்டியில் சாப்பாடு, வெயில், தசைநாண்கள், குடல் எல்லாமே பந்தயத்தில் இறங்கிவிடுகின்றன.

எத்தனை வருடம் காத்திருக்க வேண்டும்? இதற்கு ஒரே விடை கிடையாது. ஜெர்மனியின் யான் ஃப்ரோடெனோ 2008-இல் பெய்ஜிங்கில் ஒலிம்பிக் தங்கம் வென்றார். முதல் முழு அயர்ன்மேனில் இறங்கியது 2014-இல். உலகப் பட்டம் 2015-இல். நார்வேயின் கிறிஸ்டியன் புளூமென்ஃபெல்ட்டோ 2021 ஜூலையில் டோக்கியோவில் தங்கம் வென்று, அதே நவம்பரில் தன் முதல் அயர்ன்மேனை 7 மணி 21 நிமிடத்தில் முடித்தார். லண்டனிலும் ரியோவிலும் தங்கம் வென்ற அலிஸ்டர் பிரவுன்லி 2019-இல் கோனாவில் 21-ஆவது ஆளாக வந்து சேர்ந்தார்.

இவர்களைவிட பிரிட்டனின் கிறிஸி வெலிங்டன் கதையைத்தான் ஆற அமரப் பார்க்க வேண்டும். 2007-இல் தொழில்முறை வீராங்கனையான முதல் ஆண்டிலேயே, யாரும் பெயர் கேள்விப்பட்டிராத நிலையில், கோனாவில் உலகப் பட்டம் வென்றவர். சில வாரங்களுக்கு முன் கொரியாவில் ஓடியதுதான் அவருடைய முதல் அயர்ன்மேன். ஒரே வருடத்தில் முளைத்த அதிசயம் என்று தோன்றும். ஆனால் அதற்கு முன்பு அவர் நேபாளத்தில் வளர்ச்சிப் பணியில் இருந்தார். லாசாவிலிருந்து காட்மாண்டு வரை இமயமலைக் கணவாய்களைச் சைக்கிளில் கடந்தவர். 2006-இல் ஒலிம்பிக் தூரத்தில் தன் வயதுப் பிரிவு உலகப் பட்டத்தையும் வென்றிருந்தார். பந்தயங்களின் பட்டியலில் வராத உழைப்பு அவர் உடம்பில் வருடக்கணக்கில் சேர்ந்திருந்தது. எத்தனை போட்டி முடித்தோம் என்பதைவிட, எத்தனை மாதம் விடாமல் பயிற்சி செய்தோம் என்பதே பெரிய கேள்வி.

உடம்பு தயாரா என்பதை இனி ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். முதலில் தண்ணீர்.

பெரும்பாலான 70.3 போட்டிகளில் நீச்சலுக்கு 1 மணி 10 நிமிடம் கொடுக்கிறார்கள். முழு அயர்ன்மேனுக்கு 2 மணி 20 நிமிடம். இரண்டிலுமே 100 மீட்டருக்கு ஏறத்தாழ 3 நிமிடம் 40 விநாடி ஆகிறது. நீச்சல்குளத்தில் 3 நிமிடம் 30 விநாடியில் போகிறவர் தப்பித்துவிடலாம் என்று நினைப்பார். குளத்தில் அடியில் கோடு உண்டு, ஒவ்வொரு சுவரிலும் காலால் உந்திக்கொள்ள முடியும். கடலில் கோடும் இல்லை, சுவரும் இல்லை. நேராகப் போகத் தெரியாதவர் 1.9 கிலோமீட்டருக்குப் பதில் 2.2 கிலோமீட்டர் நீந்திவிடுவார். குளத்தில் 100 மீட்டர் 3 நிமிடத்துக்குள் வர வேண்டும். அந்த வேகத்தில் 1.9 கி.மீ. தூரத்தை நிற்காமல் நீந்திய பிறகும் பேச மூச்சு இருக்க வேண்டும். அது முடியாவிட்டால் இன்னும் ஒரு பருவம் நீச்சலுக்கே கொடுப்பதுதான் நியாயம்.

இது நேரத்தைப் பற்றிய கவலை மட்டுமல்ல. அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை டிரையத்லான் போட்டிகளில் நேர்ந்த மரணங்களையும் திடீரென இதயம் நின்றுபோன நிகழ்வுகளையும் மருத்துவர்கள் தொகுத்து 2017-இல் வெளியிட்டார்கள். மொத்தம் 135 பேர். அவர்களில் 90 பேருக்கு அது நேர்ந்தது நீச்சலில். நடுவயது தாண்டிய ஆண்களுக்கு ஆபத்து அதிகம் என்றும் தெரிந்தது. எனவே 40 வயதைக் கடந்தவர்களும், குடும்பத்தில் இதய நோய் உள்ளவர்களும் பதிவு செய்வதற்கு முன் இதய மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. கடலில் பழகுவதென்றால் உயிர்காப்பாளரும் படகும் உள்ள குழுவோடுதான் இறங்க வேண்டும். சென்னைக் கடற்கரையில் தனியே இறங்கிப் பார்க்கிறேன் என்பது தைரியம் அல்ல.

சைக்கிளில் கணக்கு வேறு. 70.3 போட்டியில் தொடக்கத்திலிருந்து ஐந்தரை மணி நேரத்துக்குள் சைக்கிளை முடித்தாக வேண்டும். நீச்சலுக்கு ஒரு மணி நேரம், உடை மாற்றப் பத்து நிமிடம் போனால் மீதி 4 மணி 20 நிமிடம். மணிக்கு 21 கி.மீ. வேகம் போதும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஞாயிறு காலை மாமல்லபுரம் போய்வரும் பலருக்கு இது எளிது. சிக்கல் அதற்குப் பின்னால்தான் இருக்கிறது: இறங்கியதும் அரை மாரத்தான் ஓட வேண்டும். ஆகவே 90 கி.மீ. ஓட்ட முடிகிறதா என்று பார்ப்பதைவிட, ஓட்டிய பிறகு கால் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதே சரியான சோதனை.

அதற்கு ஓர் எளிய வழி உண்டு. பயிற்சியாளர் ஜோ ஃப்ரீல் பரவலாக்கியது. சமதளச் சாலையில் இரண்டரை, மூன்று மணி நேரம் ஒரே அளவு உழைப்பில் சைக்கிள் ஓட்டி, முதல் பாதியின் சராசரி இதயத் துடிப்பையும் இரண்டாம் பாதியினதையும் ஒப்பிடுவது. முதல் பாதியில் 140 இருந்து, அதே உழைப்புக்கு இரண்டாம் பாதியில் 147-க்குள் நின்றால், அதாவது உயர்வு 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால், அடித்தளம் உறுதி. 155 ஆகிவிட்டால் உடம்பு இன்னும் அந்த நீளத்துக்குப் பழகவில்லை. நம் ஊர் மே மாத வெயில் தானே துடிப்பை ஏற்றிவிடும் என்பதால் இதை விடியற்காலையில் செய்ய வேண்டும்.

துடிப்பு ஏறினால் அதற்கு மருந்து பொறுமைதான். மார்க் ஆலனுக்குப் பயிற்சியாளர் பில் மஃபெட்டோன் சொன்னதும் அதையே: துடிப்பு 155-ஐத் தாண்டாமல் ஓடு. உலகின் மிக வேகமான டிரையத்லான் வீரர்களில் ஒருவர் கிலோமீட்டருக்கு ஐந்து நிமிடத்துக்கும் மேல் எடுத்துக்கொண்டு ஊர்ந்தார். வருடங்கள் போகப்போக, அதே துடிப்பில் மூன்று நிமிடம் இருபது விநாடிக்கு வந்து சேர்ந்தார்.

எல்லாவற்றையும்விட அதிகம் பேரைக் கவிழ்ப்பது வயிறு. தசையிலும் கல்லீரலிலும் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து ஏறக்குறைய 2,000 கலோரிதான். முழு அயர்ன்மேன் கேட்பது 8,000 கலோரிக்கு மேல். கொழுப்பு கைகொடுக்கும், ஆனால் மெதுவாகத்தான். மீதியைப் போகிற வழியில் சாப்பிட்டே ஆக வேண்டும். குடல் மணிக்கு ஏறக்குறைய 60 கிராம் குளுக்கோஸை உறிஞ்சும். பழச்சர்க்கரையும் கலந்தால், பழகிய குடல் 90 கிராம் வரை ஏற்கும். நடுத்தர அளவு வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம். அப்படியானால் மணிக்கு இரண்டு, மூன்று பழத்துக்குச் சமமானதைத் துடிப்பு ஏறிய நிலையில் விழுங்கி, செரித்து, வாந்தி வராமல் ஓட வேண்டும். பழகாத குடலால் இது முடியாது. ஜெல், பேரீச்சம்பழம், கடலை மிட்டாய், உப்பிட்ட உருளைக்கிழங்கு எதுவானாலும் வாராவாரம் நீண்ட பயிற்சியில் சாப்பிட்டுப் பார்த்தால்தான் எது ஒத்துக்கொள்கிறது என்று தெரியும். சாப்பிடத் தெரியாத வரை ஒருவர் நீண்ட தூரத்துக்குத் தயார் இல்லை, எவ்வளவு வேகமானவராக இருந்தாலும்.

பாலா நியூபி-ஃப்ரேசர் 1995-க்குள் கோனாவில் ஏழு முறை வென்றிருந்தார். அந்த ஆண்டு கடைசி மைல்களில் துரத்தி வந்தவரை முந்தவிடக் கூடாது என்ற வேகத்தில் தண்ணீரும் சாப்பாடும் தரும் இடங்களைத் தாண்டிப் போய்விட்டார். எல்லைக்கோடு கண்ணுக்கெட்டும் தூரத்தில் கால் மடங்கி விழுந்தார். ஏறக்குறைய இருபது நிமிடம் சாலையில் உட்கார்ந்து கிடந்து, பிறகு வெறுங்காலோடு நடந்து நான்காவதாக வந்தார். ஏழு முறை வென்றவருக்கே அதுதான் கதி.

தண்ணீரிலும் இன்னொரு பக்கம் இருக்கிறது. பயந்துபோய் அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குழப்பம், வலிப்பு வரை போகலாம். நீண்ட பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால் தெரிந்துவிடும்: எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறோம்.

பிறகு, போட்டிக்கு அடுத்த வாரம். பதக்கத்தோடு எடுத்த படத்தைவிட அந்த வாரம் அதிகம் சொல்லும். ஒலிம்பிக் தூரம் முடித்தவர் மூன்று, நான்கு நாளில் பழையபடி பயிற்சிக்குத் திரும்பிவிட்டால் அது நல்ல அறிகுறி. இரண்டு வாரம் மாடிப்படி இறங்கத் தடுமாறினால் அந்தத் தூரத்துக்கே இன்னும் பழகவில்லை என்று பொருள். இதயமும் தசையும் சில வாரங்களில் முன்னேறும்; தசைநாணும் எலும்பும் மாதக்கணக்கில்தான் உறுதிப்படும். மூச்சு வாங்கவில்லை, அதனால் இன்னும் ஓடலாம் என்று கூட்டிக்கொண்டே போகும்போதுதான் முழங்காலும் குதிகாலும் பழுதாகின்றன.

பெண்களுக்கு இங்கே ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும். பயிற்சி கூடும்போது மாதவிடாய் தள்ளிப்போவதோ நின்றுபோவதோ உடம்பு கட்டுக்கு வந்ததன் அடையாளம் அல்ல. உழைப்புக்குத் தேவையான சாப்பாடு போதவில்லை, எலும்பு தேய்கிறது என்ற எச்சரிக்கை. அந்த நிலையில் தூரத்தைக் கூட்டவே கூடாது. மருத்துவரிடம் போக வேண்டும்.

கடைசியில் வீடு. பயிற்சியாளர்கள் பொதுவாக 70.3 போட்டிக்கு வாரம் 8 முதல் 12 மணி நேரமும், முழு அயர்ன்மேனுக்கு அதற்கும் மேலும் கேட்கிறார்கள். காலை நாலரை மணிக்கு எழுவதும், ஞாயிற்றுக்கிழமைகள் சாலையிலேயே கழிவதும் ஆறு மாதம் நீடிக்கும். அந்த நேரத்தில் குழந்தையைப் பள்ளிக்குக் கிளப்புவது யார், வயதான பெற்றோரை மருத்துவமனைக்குக் கூட்டிப்போவது யார் என்று வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்யாதவர் பாதியில் நிறுத்துவார். அல்லது வீட்டில் யாரோ ஒருவர் அவருக்காகச் சத்தமில்லாமல் தேய்வார்.

வயது ஒரு தடையா என்றால், இல்லை. ஜப்பானின் ஹிரோமு இனாடா 70 வயதில் டிரையத்லானுக்கு வந்தவர். 2015-இல் கோனாவில் எல்லைக்கோட்டுக்கு அருகே விழுந்து விழுந்து எழுந்து, சில விநாடிகளில் நேரக்கெடுவைத் தவறவிட்டார். மறு ஆண்டு திரும்பி வந்து முடித்தார். 2018-இல் 85 வயதில் மீண்டும் முடித்தார். அவருக்கு அவசரம் இருக்கவில்லை.

நீண்ட தூரமே உயர்ந்தது என்ற எண்ணத்தையும் விட்டுவிடலாம். ஸ்பிரிண்ட் போட்டியை ஆண்டுக்கு மூன்று முறை நன்றாக ஓடுகிறவர், ஒரே ஒரு அயர்ன்மேனை நொண்டி முடித்துவிட்டு ஒதுங்கிவிடுகிறவரைவிட நல்ல விளையாட்டு வீரர். ஆகவே அடுத்த தூரத்தை நினைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: பதிவுக் கட்டணம் பெரும்பாலும் திரும்பக் கிடைக்காது. அதைக் கட்டுவதற்கு முன், அந்தப் போட்டிக்குத் தேவையான அட்டவணையை ஆறு வாரம் அப்படியே வாழ்ந்து பாருங்கள். ஆறாவது வாரத்தின் கடைசி ஞாயிறு நீண்ட சைக்கிள் பயிற்சியை முடித்து, அரை மணி நேரம் ஓடி, மறுநாள் வேலைக்கும் வழக்கம்போலப் போக முடிந்தால் பணத்தைக் கட்டுங்கள். முடியாவிட்டால் அடுத்த ஆண்டும் அந்தப் போட்டி நடக்கும்.