கடலோட்டப் பந்தயமும் அதற்குரிய ஆயத்தமும்

கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில், பழனிமலைத் தொடரின் மீது அமைந்த கொடைக்கானலை நினைந்துகொண்டு கடலோட்டத்தைப் பற்றி எழுதுதல் பொருந்துமோ என நேயர்கள் ஐயுறலாம். பொருந்தும் என்பதற்கு இரண்டு காரணங்களை எடுத்துக்காட்டுவோம். மதுரை ஜில்லாக் கலெக்டராயிருந்த ஸர் வெரி ஹென்றி லெவிஞ்சு என்பார் 1863-ஆம் ஆண்டில் அங்கே ஓர் ஓடையை அணையிட்டுத் தடுத்து ஏரியொன்றை உண்டாக்கினார். 1890-இல் படகோட்டுவோர் சங்கமும் அங்கே தோன்றிற்று. மலைநாட்டு மாணவர் பலர்க்குப் படகு முதன்முதல் அறிமுகமாவது அவ்வேரியிலேயாம். இரண்டாவது காரணம் இன்னும் வலியது. கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792-இல் சென்னையில் வானாராய்ச்சி நிலையம் நிறுவியபோது, வானநூல், பூகோளம், கடலோட்டம் ஆகிய மூன்றும் இந்தியாவில் வளர்வதற்காகவே அதனை நிறுவினர். அந்நிலையத்தின் பணி 1899-இல் தெளிந்த வானத்தை நாடிக் கொடைக்கானலுக்கு வந்து சேர்ந்தது. ஆகவே மாலுமிக்கு வழிகாட்டப் பிறந்த கலையொன்று மலையேறி அங்கே குடிகொண்டுள்ளது எனல் மிகையாகாது.

கரைகண்ணுக்குத் தெரியாத ஆழ்கடலில், பாயின் வலியையே நம்பிப் பன்னாள் ஓடும் போட்டியைக் கடலோட்டப் பந்தயம் என்கின்றோம். இங்கிலாந்தின் பாஸ்ட்நெட் பந்தயம் 1925-இலும், ஆஸ்திரேலியாவின் ஸிட்னி–ஹோபார்ட் பந்தயம் 1945-இலும் தொடங்கின. தனியொருவராய், எத்துறைமுகத்திலும் தங்காது உலகத்தைச் சுற்றிவரும் 'கோல்டன் குளோப்' பந்தயம் 1968-இல் நடைபெற்றது; ஐம்பதாண்டு கழித்து 2018-இல் மீண்டும் தொடங்கப்பெற்றது. நம் நாட்டிலும் சென்னைத் துறைமுகத்தில் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911 முதல் பாய்ப்படகுக் கலையை வளர்த்து வருகின்றது.

இப்பந்தயங்களின் வரலாற்றைக் கற்பார்க்கு ஓர் உண்மை புலப்படும். வெற்றி தோல்விகளிற் பெரும்பகுதி கரையிலேயே முடிவாகிவிடுகின்றது. நடுக்கடலில் கொல்லனும் இல்லை, தச்சனும் இல்லை, மருத்துவனும் இல்லை. திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. அரசர்க்கு உரைத்த அம்முறை மாலுமிக்கும் ஏற்றதாகலின், அதனையே பின்பற்றுவோம்.

முதற்கண் கலத்தின் வலியை அறிதல் வேண்டும். பந்தயத்திற்குப் பன்மாதங்கள் முன்னரே படகைக் கரையேற்றி, அதன் அடிப்பாகம் முழுவதையும் சோதித்தல் முறை. ஏரா என்னும் அடிமரத்தை உடலோடு பிணைக்கும் மரையாணிகள் துருவேறாது உள்ளனவா, சுக்கான் தளர்வின்றித் திரும்புகின்றதா, நீர் புகவும் வெளியேறவும் அமைந்த துளைகளின் அடைப்புகள் செவ்வையாக மூடுகின்றனவா என ஒவ்வொன்றாகக் காணல் வேண்டும். அத்துளை ஒவ்வொன்றின் அருகிலும் அதற்குப் பொருந்தும் மரத்தக்கை ஒன்றைக் கயிற்றாற் கட்டிவைப்பர். அடைப்பு உடைந்து நீர் பீறிடும் வேளையில் தக்கையைத் தேடிக்கொண்டிருக்க இயலாதன்றோ?

இதன் இன்றியமையாமையை 'ஸுஹைலி' என்னும் படகின் கதை விளக்கும். அது 32 அடி நீளமுள்ளது. பம்பாயில் இந்தியத் தேக்கினால் கட்டப்பட்டது. ராபின் நாக்ஸ்–ஜான்ஸ்டன் அதிற் தனியே ஏறி 1968 ஜூன் 14-ஆம் நாள் இங்கிலாந்தின் பால்மத் துறையினின்று புறப்பட்டார். அட்லாண்டிக் கடலில் அடிமரத்தருகே பலகை மூட்டுகளினூடே நீர் கசியலாயிற்று. அவர் கடலிற் குதித்து மூழ்கி, மூட்டுகளிற் பஞ்சைத் திணித்துக் கலப்பற்றுச் செய்து, அதன்மேற் செப்புத் தகட்டை அறைந்து கசிவை நிறுத்தினார். பஞ்சும், தகடும், ஆணியும், சுத்தியும் படகில் இருந்தமையாலன்றோ அது இயன்றது! அப்பந்தயத்திற் புறப்பட்டவர் ஒன்பதின்மர். 1969 ஏப்ரல் 22-இல் ஓட்டத்தை முடித்துத் திரும்பியவர் அவர் ஒருவரே.

அடுத்துப் பாய்மரத்தைத் தாங்கும் கயிறுகளையும் கம்பிகளையும் கருதுவோம். நூறு இணைப்புகள் உறுதியாயிருப்பினும், ஒரு சிறு கொண்டை ஊசி கழன்றால் மரம் முழுவதும் சாயும். ஆகலின் ஒருவர் மரத்தின் உச்சிவரை ஏறி, ஒவ்வோர் இணைப்பையும் கண்ணாற் கண்டு, கையாற் தொட்டு, ஏட்டிற் குறித்துக்கொண்டு இறங்குதல் வேண்டும். பாய்களில் புயற்பாய் தனியிடம் பெறும். அது சிறியது, தடித்தது, தொலைவிலிருந்து காணத்தக்க நிறமுடையது. அதனைத் துறைமுகத்தின் அமைதியில் ஒருமுறையேனும் கட்டிப் பழகாதவர், இருளும் மழையும் சூழ்ந்த நள்ளிரவில் அதன் தலை எது, கால் எது என அறியாது தடுமாறுவர்.

உணவும் நீரும் கணக்கிற்குரியன. ஆளொன்றுக்கு நாளொன்றுக்குக் குடிப்பதற்கு 3 லிட்டர் எனக் கொள்ளின், அறுவர் பத்து நாள் ஓடுவதற்கு 180 லிட்டர் ஆகும். காற்று நின்றுபோதலும் மரம் முறிதலும் நேரக்கூடுமாதலால், அதிற் பாதியை மேலும் கூட்டி 270 லிட்டர் ஏற்றுதல் நன்று. அந்நீர் முழுவதையும் ஒரே தொட்டியில் நிரப்புதல் தகாது. ஒன்று கெடின் மற்றொன்று உதவவேண்டும். ஸுஹைலியில் தொட்டிநீர் கெட்டபின் நாக்ஸ்–ஜான்ஸ்டன் பாயில் விழுந்த மழைநீரைப் பிடித்துக் காலங் கழித்தார். ஆயினும் சுமை மிகின் ஓட்டம் குறையும். வேகத்தை விரும்பிப் பாதுகாப்பை இறக்கிவைப்பதா, பாதுகாப்பை விரும்பி வேகத்தை இழப்பதா என்பதே தலைவனின் முதற் சோதனை.

வழியறிதலில் கொடைக்கானலின் கலை நமக்குத் துணைசெய்கின்றது. இக்காலத்தில் செயற்கைக் கோள்கள் படகின் இருப்பிடத்தை நொடியில் உரைத்துவிடும். எனினும் மின்சாரம் அற்றவிடத்து அக்கருவி வெறுங்கல்லே. அந்நிலையில் மாலுமி செக்ஸ்டன்ட் என்னும் கோணமானியால் கதிரவனின் உயரத்தை அளந்து, பஞ்சாங்க அட்டவணையோடும் கடிகாரத்தோடும் ஒப்பிட்டுத் தன் இடத்தைக் காண்கின்றான். பூமி ஒரு மணியில் 15 பாகை சுழல்கின்றது. அதாவது 4 நிமிஷத்திற்கு ஒரு பாகை. எனவே கடிகாரம் ஒரு நிமிஷம் பிழைபட்டால், பூமத்திய ரேகையில் 15 கடல் மைல் தவறு நேரும். பாறை நிறைந்த கரையை அணுகுவோர்க்கு அப்பிழை உயிர்ப்பிழையாம். புதிய கோல்டன் குளோப் பந்தயத்தின் விதி, போட்டியாளர் செயற்கைக் கோளை நாடாது, கோணமானியும் காகிதப் படமும் கொண்டே வழிகாண வேண்டும் என்பதாகும்.

இனி மாலுமிகளின் வலியை நோக்குவோம். சிறந்த வீரர் அறுவரைச் சேர்த்துவிட்டால் சிறந்த குழுவாகிவிடாது. ஒவ்வொரு பணியையும் இருவரேனும் அறிந்திருத்தல் வேண்டும். வழியறிவோன் நோயுற்றால் வழிகாணவும், மருத்துவம் அறிந்தவனே காயமுற்றால் அவனுக்குக் கட்டுக்கட்டவும் மற்றொருவன் வேண்டுமன்றோ? உறக்கத்தையும் முறைப்படுத்தல் வேண்டும். நான்கு மணிக்கு ஒருமுறை காவல் மாறுவது பழைய வழக்கம். ஆனால் ஒரு நாளில் அத்தகைய காவல்கள் ஆறு. இரண்டு அணியினர் மாறிமாறி நின்றால், நள்ளிரவுக் காவல் என்றும் ஓரணிக்கே வாய்க்கும். அதனை ஒழிக்க, மாலை 4 மணி முதல் 8 மணி வரையுள்ள காவலை இரண்டிரண்டு மணியாகப் பிரித்து, காவல்களை ஏழாக்கினர் முன்னோர். இருள்நேரத் துன்பம் இருவர்க்கும் சமமாய்ப் பங்கிடப்படுகின்றது. நீதியின்றி ஒற்றுமை நிலவாது என்பதைக் கடலோடிகள் கணக்கினால் கண்டறிந்தனர்.

ஒருவர் கடலில் வீழ்ந்தால் செய்யவேண்டியதைக் கூட்டமாகப் பயிலுதல் முதன்மையானது. கண்டவன் உரக்கக் கூவுவான், மிதவையை எறிவான், ஒருவன் வேறெதனையும் செய்யாது, வீழ்ந்தவனை நோக்கிக் கைநீட்டிக்கொண்டே நிற்பான், சுக்கானில் நிற்பவன் படகைக் காற்றுக்கு எதிரே திருப்பி நிறுத்துவான். கண்ணைச் சற்றே திருப்பினால் அலைகளினிடையே மனிதத் தலையை மீண்டும் காண்பது அரிது. வீழாதிருக்கும் பொருட்டு, இரவிலும் புயலிலும் மேற்றளத்தில் உள்ளோர் இடுப்புவாரைப் படகோடு பிணைத்துக்கொள்ளல் வேண்டும்.

1979-ஆம் ஆண்டு பாஸ்ட்நெட் பந்தயத்தில் 303 படகுகள் புறப்பட்டன. இடையிற் பெரும்புயல் தாக்கியது. பந்தயத்தில் ஓடியோருள் 15 பேர் மாண்டனர். மாலுமிகள் கைவிட்ட படகுகள் 24. அவற்றில் மூழ்கியவை ஐந்தே. எஞ்சியவை ஆளின்றி மிதந்துகொண்டிருந்தன! படகை விட்டு உயிர்காப்புத் தெப்பத்தில் இறங்கியோருட் சிலர் அத்தெப்பம் கவிழ்ந்தும் சிதைந்தும் உயிர்நீத்தனர். தெப்பம் இறுதிப் புகலிடமே என்பதும், கலம் மிதக்கும்வரை அதனை விடலாகாது என்பதும் அன்று கற்ற பாடம். எது நேரினும் அஞ்சாது சிந்திக்கும் பழக்கம் கரையிற் பயிலாமற் கடலில் வந்துவிடாது.

காலமும் இடமும் அறிதற்கு அப்போஸ்தலர் நடபடிகளில் ஓர் உதாரணம் உண்டு. காலம் கடந்துவிட்டது, ஓட்டம் சேதத்தில் முடியும் எனப் பவுல் எச்சரித்தார். நூற்றுக்கு அதிபதியோ அவர் சொல்லை விட்டு, மாலுமியையும் கப்பலுக்குரியவனையும் நம்பினான். மெலித்தாத் தீவில் கப்பல் உடைந்தது. அதிலிருந்த 276 பேரும் உயிர்தப்பினர் என்பது தேவன் அருள். புறப்படாதிருத்தலும் மாலுமிக் கலையின் ஒரு பகுதியே. பந்தயக் குழுவார் தொடக்கக் குறி காட்டினாலும், புறப்படுவதும் தொடர்ந்து ஓடுவதும் படகுத் தலைவனின் பொறுப்பே என்பது இன்றும் கடற்பந்தயங்களின் அடிப்படை விதியாகும்.

இவ்வாயத்தத்தின் பயனை நம் காலத்தவர் ஒருவர் வாழ்வில் காண்கின்றோம். இந்தியக் கடற்படையிற் பணியாற்றிய அபிலாஷ் டாமி 2018-இல் கோவாவிற் கட்டிய 'துரியா' என்னும் படகில் கோல்டன் குளோப் பந்தயத்தில் இறங்கினார். செப்டம்பர் 21-இல் தென்னிந்து மாசமுத்திரப் புயலில் படகு உருண்டு பாய்மரம் முறிந்தது. அவர் முதுகெலும்பு நொறுங்கியது. நகரவும் இயலாது கிடந்தவரை மூன்றாம் நாள் 'ஓஸிரிஸ்' என்னும் பிரெஞ்சுக் கப்பல் மீட்டது. அத்துடன் அவர் ஓயவில்லை. 2022 செப்டம்பர் 4-இல் 'பயானத்' என்னும் படகில் மீண்டும் புறப்பட்டார். வழியிற் சுக்கானைத் தானே இயக்கும் காற்றுக்கருவி பழுதுற்றபோது, படகின் கழிவறைக் கதவையே அறுத்து அதற்கு உறுப்புச் செய்துகொண்டார். 2023 ஏப்ரல் 29-இல் இரண்டாமவராகக் கரைசேர்ந்தார். அவருக்கு முன் வந்து வென்றவர் தென்னாப்பிரிக்க மாது கர்ஸ்டன் நாய்ஷேபர். அவ்வம்மையார் வழியிற் படகு மூழ்கித் தவித்த போட்டியாளர் ஒருவரைத் தேடிச் சென்று மீட்டபின்னரே தம் ஓட்டத்தைத் தொடர்ந்தார் என்பதையும் இங்கே குறித்தல் தகும்.

தமிழர்க்கு இக்கலை புதிதன்று. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையிற் கட்டிய 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல், தமிழ் மாலுமிகளுடன் 1938-இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறையை அடைந்தது. மதுரைக்கு 1834-இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, 1845-இல் கொடைக்கானலில் வீடுகட்டிய அமெரிக்க மிஷனரிமார் புறப்பட்ட அதே நாட்டுக் கரைக்கு, அவர்கள் வந்த வழியை எதிர்நோக்கித் தமிழர் கலம் சென்றது எனலாம். அண்மையில், புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி, தில்னா என்னும் தம் தோழியாருடன் 'தாரிணி' படகில் 2024 அக்டோபர் 2-இல் கோவாவிலிருந்து புறப்பட்டு உலகத்தைச் சுற்றி, 2025 மே 29-இல் திரும்பினார். அது பந்தயமன்று, ஆயினும் அவ்விருவரும் மூன்றாண்டுக் காலம் பயின்ற பின்னரே அவ்வோட்டத்தை மேற்கொண்டனர். எட்டு மாத ஓட்டத்திற்கு மூன்றாண்டுப் பயிற்சி என்னும் அளவை நம் மாணவர் கருத்திற் கொள்வாராக.

மலையேரியில் செய்யும் பிழைக்கு நனைந்த உடையே தண்டனை. ஆழ்கடலில் தண்டனை வேறு. ஆதலின் ஏரியிற் படகேறும் இளைஞர், துடுப்பைத் தொடுமுன் கட்டிய கயிற்றை ஒருமுறை சோதித்தலையும், நீந்தக் கற்றலையும், கரிய மேகம் மலைமுகட்டில் தோன்றுமுன் கரை திரும்புதலையும் பழக்கமாக்கிக் கொள்வாராயின், நாளை எக்கடலிற் கலஞ்செலுத்தினும் அப்பழக்கம் அவர்களைக் காக்கும்.