பள்ளிக்கூட வசூல்: பெயர் மறையட்டும், கணக்கு தெரியட்டும்

அக்டோபரில் காசநோய் ஒழிப்பு ஸ்டாம்பு வரும். டிசம்பர் 7 நெருங்கினால் கொடிநாள் கொடி வரும். தை பிறந்ததும் ஆண்டு விழா, உணவுத் திருவிழா, ஆதரவற்றோர் இல்லத்துக்கு ஆளுக்கு ஒரு கிலோ அரிசி என்று பிள்ளையின் டைரியில் துண்டுச்சீட்டு ஒட்டியிருக்கும். நடுவில் எங்காவது வெள்ளமோ நிலச்சரிவோ வந்தால் வகுப்புக்கு வகுப்பு உண்டியல் சுற்றும். பள்ளியில் பிள்ளை படிக்கிற எந்த வீட்டுக்கும் இது புதிதல்ல.

கருமத்தம்பட்டி போன்ற ஊரில் இந்தத் துண்டுச்சீட்டுக்குக் கூடுதல் கனம் உண்டு. கோவை–சேலம் நெடுஞ்சாலையில் அன்னூர் ரோடும் சோமனூர் ரோடும் பிரிகிற இடம். நெடுஞ்சாலையை விட்டு உள்ளே திரும்பினால் தெருவுக்குத் தெரு தறிச் சத்தம். இங்குள்ள விசைத்தறிக்காரர்களில் பெரும்பாலோர் சொந்தமாகத் துணி விற்பவர்கள் அல்லர். ஜவுளி உற்பத்தியாளர்களிடம் பாவு நூல் வாங்கி, நெய்து கொடுத்து, கூலி பெறுபவர்கள். கூலி உயர்வு கேட்டு 2022 ஜனவரியிலும் 2025 மார்ச், ஏப்ரலிலும் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் தறிகள் நின்றன. தறி நின்ற மாதத்திலும் பள்ளி நடக்கும். பள்ளி நடந்தால் துண்டுச்சீட்டும் வரும். மில் நடத்துகிறவர் பிள்ளையும், கூலித்தறி ஓட்டுகிறவர் பிள்ளையும், ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வேலைக்கு வந்தவர் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் “நாளைக்கு எல்லோரும் நூறு ரூபாய் கொண்டு வாங்க” என்று சொன்னால், அந்த நூறு ரூபாய் மூன்று வீடுகளிலும் ஒரே தொகையாக இருக்காது.

அதற்காக, பள்ளியில் வசூலே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் வளர்ந்ததில் ஊர்ப்பணத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதை எப்படிக் கேட்டார்கள், எப்படிக் கணக்குக் காட்டினார்கள் என்பதில்தான் இன்றைக்கு நாம் கற்க வேண்டியது இருக்கிறது.

நாலு பைசா பங்கு

மதிய உணவுத் திட்டத்தை அரசுத் திட்டமாக மட்டுமே இன்று நினைக்கிறோம். 1956இல் காமராசர் முதலமைச்சராக இருந்தபோது எட்டயபுரத்தில் அது தொடங்கியது ஊர்க்கொடையாக. அரிசி கொடுத்தவர்கள் உண்டு, பருப்புக் கொடுத்தவர்கள் உண்டு, விறகும் பாத்திரமும் கொடுத்தவர்கள் உண்டு. அடுத்த கட்டத்தில் அரசு பங்கெடுத்தது. ஒரு குழந்தையின் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பத்து பைசா என்று கணக்கிட்டு, ஆறு பைசாவை அரசு கொடுத்தது; மீதி நாலு பைசாவை உள்ளூர் தர வேண்டும் என்று வைத்தது. இந்த ஏற்பாட்டின் பின்னே இருந்தவர் அன்றைய பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு.

அந்த நாலு பைசாவின் அருமையைப் பாருங்கள். ஊர் தன் பங்கைத் தந்ததால், சாப்பாடு சரியில்லை என்றால் கேட்கும் உரிமையும் ஊருக்கு வந்தது. அரசு தன் பங்கைத் தந்ததால், பணக்கார ஊரில் சாப்பாடு, ஏழை ஊரில் பட்டினி என்ற நிலையும் ஓரளவு தவிர்ந்தது. பிள்ளையிடம் காசு கேட்கவில்லை; பெரியவர்கள் பெரியவர்களிடம் கேட்டார்கள். எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தக் கடைசி விஷயம்தான்.

சுந்தரவடிவேலு அதோடு நிற்கவில்லை. 1958இல் செங்கல்பட்டு மாவட்டம் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாட்டைக் கூட்டினார். பிறகு மாநிலம் முழுவதும் இந்த மாநாடுகள் நடந்தன. முதலில் ஒவ்வொரு பள்ளிக்கும் என்ன தேவை என்று பட்டியல் எழுதப்பட்டது: ஒரு பள்ளிக்குக் கூரை, இன்னொன்றுக்குக் கிணறு, மற்றொன்றுக்குக் கரும்பலகை, பெஞ்சு. அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஊராரிடம் போனார்கள். இந்தப் பொருள் என்னுடையது என்று ஏற்றுக்கொண்டவர் மாநாட்டு மேடையில் எல்லோர் முன்னிலையிலும் ஒப்படைத்தார். பிள்ளைகளுக்குச் சீருடையும் இப்படித்தான் முதலில் கிடைத்தது. தேவை முதலில், பணம் பிறகு என்ற வரிசை அதில் இருந்தது. இன்றைய பல வசூல்களில் வரிசை மாறிக் கிடக்கிறது: முதலில் வசூல், பிறகு என்ன செய்யலாம் என்ற யோசனை.

கொங்கு நாட்டுக்கு இதில் தனி மரபும் உண்டு. 1926இல் பீளமேட்டு பி.எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு பிள்ளைகள் சொத்தைப் பிரித்தபோது ஐந்து பங்காகப் பிரித்து, ஐந்தாவதை அறத்துக்கு ஒதுக்கினார்கள். அதில் பிறந்ததுதான் பி.எஸ்.ஜி. அறநிலையம். தி.சு. அவினாசிலிங்கம் 1930இல் கோவையில் ஒரு சில மாணவர்களோடு தொடங்கிய ராமகிருஷ்ண வித்யாலயம் பெரியநாயக்கன்பாளையத்தில் பெரிய கல்வி வளாகமாக வளர்ந்தது. கொடுக்க மனமில்லாத பூமி என்று இதை யாரும் சொல்ல முடியாது.

இன்று பணம் போகும் வழி

கடந்த சில ஆண்டுகளாக அரசுப் பள்ளிகளில் கல்விச்சீர் என்ற வழக்கம் பரவியிருக்கிறது. ஊர்க்காரர்கள் தட்டு எடுத்து, மேளதாளத்தோடு பள்ளிக்கு வருவார்கள். தட்டில் வெற்றிலை பாக்குக்குப் பக்கத்தில் நோட்டும் பேனாவும் இருக்கும்; பின்னால் வரும் வண்டியில் பீரோ, மின்விசிறி, பிளாஸ்டிக் நாற்காலி, சுவர்க் கடிகாரம், குடிநீர் சுத்திகரிப்பான். தாய்மாமன் சீர் பார்த்து வளர்ந்த ஊருக்கு இது சட்டென்று பிடித்துப் போகிறது. பொருளாக வருவதால் இன்னொரு நன்மை உண்டு: மின்விசிறி சுற்றுகிறதா இல்லையா என்பதை யாரும் நிமிர்ந்து பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

பெரிய தொகைக்கு அரசே வழி வைத்திருக்கிறது. 2022 டிசம்பர் 19 அன்று அப்போதைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ திட்டத்தைத் தொடங்கினார். டி.வி.எஸ். நிறுவனத்தின் வேணு சீனிவாசன் அதன் தலைவரானார். சதுரங்க வீரர் விசுவநாதன் ஆனந்த் விளம்பரத் தூதரானார். முன்னாள் மாணவரோ நிறுவனமோ இணையதளத்தில் ஒரு பள்ளியைத் தேர்ந்தெடுத்து, அதன் தேவையைப் பார்த்துப் பணம் தரலாம். பெரிய கம்பெனிகளுக்கு 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு சமூகப் பொறுப்புக் கடமை விதிக்கிறது: முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் இரண்டு சதவீதம். ஆண்டுக்கு ஐந்து கோடி லாபம் பார்க்கும் நூற்பாலை அந்த வரம்புக்குள் வரும். எட்டுத் தறி வைத்திருப்பவர் வரமாட்டார். கேட்கவேண்டிய கதவு எது என்பதைப் பள்ளிகள் இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

தனி மனிதக் கொடையும் வற்றிவிடவில்லை. மதுரை கொடிக்குளத்தில் நடுநிலைப் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாக்க, வங்கி ஊழியரான ஆயி என்கிற பூரணம் அம்மாள், மறைந்த மகளின் நினைவாகத் தன் 1.52 ஏக்கர் நிலத்தை 2024 ஜனவரியில் கல்வித்துறைக்கு எழுதிக் கொடுத்தார். குடியரசு நாளில் அரசு அவரைக் கௌரவித்தது.

வரிவிலக்குப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். அறக்கட்டளைக்கு வருமானவரித் துறையின் நன்கொடை அங்கீகாரம் இருந்தால்தான் விலக்கு. ரொக்கமாகக் கொடுத்தால் 2,000 ரூபாய்க்கு மேல் விலக்கு இல்லை. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு இந்த விலக்கு கிடைக்காது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட முன்னாள் மாணவர் உள்ளூர் அறக்கட்டளைக்குப் பணம் அனுப்ப நினைத்தால், அந்த அறக்கட்டளை வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ பெற்றிருக்க வேண்டும்.

கேட்க யாருக்கு உரிமை?

அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழு. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 21ஆம் பிரிவு: குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும்; பாதிப் பேர் பெண்கள். அரசிடமிருந்தோ உள்ளாட்சியிடமிருந்தோ வேறு எந்த வழியிலோ வந்த பணம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பது அந்தக் குழுவின் வேலை என்று சட்டமே சொல்கிறது. வேறு எந்த வழியிலோ என்பதில் உண்டியலும் அடங்கும், உணவுத் திருவிழாவும் அடங்கும். தறிப்பட்டறைக்குப் போகும் அம்மா ஒருவர் அந்தக் குழுவில் இருந்தால், தலைமையாசிரியரிடம் ரசீதைக் காட்டுங்கள் என்று கேட்பது துடுக்குத்தனம் ஆகாது. அது அவருக்குச் சட்டம் கொடுத்த கடமை.

தனியார் சுயநிதிப் பள்ளிகளுக்கு இந்தக் குழு பொருந்தாது. ஆனால் அங்கே வேறு கடிவாளம் இருக்கிறது. கட்டாய நன்கொடையை 1992ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் தடை செய்கிறது. நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் வசூலிப்பதை 2009ஆம் ஆண்டுக் கட்டணச் சட்டம் தடுக்கிறது. அறப்பணி என்று பெயர் வைத்துவிட்டால் கட்டாயம் கட்டாயமாக இல்லாமல் போய்விடாது. கொடுக்காத பிள்ளையைப் போட்டியில் சேர்க்காமல் விடுவது, வகுப்பில் எழுப்பி நிறுத்துவது, யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று கரும்பலகையில் எழுதுவது, எல்லாமே கட்டாயம்தான்.

இங்கே நம் வீட்டு விசேஷ வழக்கத்தை நினைத்துப் பார்க்கிறேன். கல்யாண மண்டப வாசலில் மொய் எழுதுகிறவர் பெயர், ஊர், தொகை மூன்றையும் தப்பாமல் எழுதுவார். அந்த நோட்டு வருஷக்கணக்கில் பீரோவில் இருக்கும். அவர்கள் வீட்டு விசேஷம் வரும்போது எடுத்துப் பார்த்துத் திருப்பிச் செய்வோம். சமமானவர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் இடத்தில் அது சரி. பள்ளி வசூலுக்கு வேண்டியது அதன் தலைகீழ். கொடுத்த பிள்ளையின் பெயர் வெளியே தெரியவே கூடாது. செலவான ஒவ்வொரு ரூபாயும் எல்லோருக்கும் தெரிய வேண்டும். பல பள்ளிகளில் நடப்பதோ, பெயர் பலகையில் இருக்கும். செலவு எங்கும் இருக்காது.

பிள்ளைகளின் வேலை எது?

உணவுத் திருவிழாவை எடுத்துக்கொள்வோம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஒப்புட்டுக் கடை போடுகிறார்கள் என்று வையுங்கள். இருநூறு ஒப்புட்டு, ஒன்று பதினைந்து ரூபாய், மொத்த விற்பனை 3,000. ஒலிபெருக்கியில் மூவாயிரம் ரூபாய் திரட்டினார்கள் என்று அறிவிப்பு வரும், கைதட்டல் விழும். ஆனால் கடலைப் பருப்பு, வெல்லம், தேங்காய், மைதா, நெய், கேஸ் எல்லாம் சேர்ந்து 1,800 ரூபாய் யாரோ சில அம்மாக்களின் கைப்பணம். விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து தட்டிய உழைப்புக்கு விலையே போடவில்லை. செலவு போக உண்மையில் நின்றது 1,200. இது எடுத்துக்காட்டுக் கணக்குதான். ஆனால் எந்தக் கடைக்கும் இந்தக் கணக்கைப் போடலாம்.

இதையே பிள்ளைகள் கையில் கொடுத்தால் என்ன ஆகும்? பருப்பு விலையை மளிகைக் கடையில் விசாரித்து எழுதுவது அவர்கள். போட்ட முதலை முதலில் திருப்பிக் கொடுத்துவிட்டு மீதியை எண்ணுவது அவர்கள். பணம் எந்த இல்லத்துக்குப் போகிறதோ அங்கே போன் செய்து உங்களுக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று கேட்பதும் அவர்கள். பல இல்லங்களில் எல்லாப் பள்ளிகளும் கொண்டுபோய்ச் சேர்த்த அரிசியும் பிஸ்கட்டும் குவிந்து கிடக்கும். தேவைப்படுவது போர்வையாக, மருந்தாக, கழிப்பறைக் கதவாக இருக்கும். கேட்டால்தானே தெரியும்! பிறகு வரவு செலவை ஒரு முழுத்தாளில் பெரிய எழுத்தில் எழுதி வாசலில் ஒட்டட்டும். ஆறாம் வகுப்புக் கணக்குப் பாடம் அதில் முழுசாக இருக்கிறது.

காசில்லாத வீட்டுப் பிள்ளைக்கும் இதில் இடம் கிடைக்கிறது. பிரிட்டனில் சாரணர்கள் 1949இல் ஒரு வழக்கம் தொடங்கினார்கள்: விடுமுறை வாரத்தில் வீடு வீடாகப் போய் ஷூ துடைத்து, தோட்டத்தில் களை பிடுங்கி, ஒரு ஷில்லிங் கூலி வாங்கி இயக்கத்துக்குச் சேர்ப்பது. அப்பாவின் பையிலிருந்து வந்த ஷில்லிங் அங்கே செல்லாது. நம் ஊரில் பிள்ளைகளைத் தெரியாத வீடுகளுக்கு அனுப்ப வேண்டியதில்லை. பள்ளித் தோட்டத்துக் கீரையைக் கட்டி விற்கலாம், மஞ்சப்பை தைத்து விற்கலாம். தறியில் விழும் துண்டுத் துணிக்கு இந்தப் பக்கம் பஞ்சமா?

கொடிநாளுக்கும் இதே பேச்சு. 1949 முதல் நடக்கும் அந்த வசூல் படைவீரர் குடும்பங்களுக்கும் முன்னாள் படைவீரர்களுக்கும் போகிறது என்பதை, கொடியைச் சட்டையில் குத்திக்கொள்ளும் எத்தனை பிள்ளைகளுக்கு யாராவது உட்கார வைத்துச் சொல்லியிருப்போம்? காசநோய் ஸ்டாம்பின் கதை இன்னும் சுவையானது. கிறிஸ்துமஸ் வாழ்த்துக் கடிதங்கள் மலையாகக் குவிவதைப் பார்த்த ஐனார் ஹோல்போல் என்ற டென்மார்க் அஞ்சல் ஊழியர், ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு சின்ன ஸ்டாம்பைக் கூடுதலாக ஒட்டினால் நோயுற்ற குழந்தைகளுக்குப் பணம் சேருமே என்று எண்ணினார். 1904இல் அது தொடங்கியது. இந்தியாவுக்கு 1950இல் வந்தது. பஞ்சுத் தூசியில் வேலை செய்து இருமுகிறவர்கள் இருக்கும் ஊரில், அந்த ஸ்டாம்பை விற்பதோடு, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அரசு மருத்துவமனையில் இலவசமாகச் சளிப் பரிசோதனை செய்யலாம் என்ற செய்தியையும் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோனால், அது ஸ்டாம்புக் காசை விடப் பெரிய கொடை.

பள்ளி மேலாண்மைக் குழு கூடும் நாள் அரசுப் பள்ளிப் பெற்றோருக்கு முன்கூட்டியே தெரிவிக்கப்படும். அடுத்த கூட்டத்துக்குப் போகிறவர்கள் போன ஆண்டு உண்டியலில் எவ்வளவு விழுந்தது, எங்கே போனது, ரசீது எங்கே என்று கேளுங்கள். தனியார் பள்ளியில் இதையே பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் கேட்கலாம். அடுத்த துண்டுச்சீட்டு டைரியில் ஒட்டப்படுவதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது.