காயமுற்ற ஓட்டக்காரனும் விசுவாச வளர்ச்சியும்

ஓட்டப்பந்தயம் மனிதர் பழகிய விளையாட்டுக்களுள் மிகத் தொன்மையானது. அதற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டுவதில்லை. இரண்டு கால்களும் சிறிது வெளியும் இருந்தால் போதும். ஆயின், அக்கால்களில் ஒன்று பழுதுபட்டுவிடுமானால், ஓட்டக்காரனுக்கு யாவும் ஒருங்கே நின்றுவிடுகின்றன. விடியற்காலையில் மைதானத்திற்குச் செல்லும் வழக்கமும், தோழரோடு அளவளாவும் வேளையும், வலிமை நாளுக்கு நாள் வளர்வதைக் கண்டு அடையும் மகிழ்ச்சியும், போட்டியில் வெல்வோம் என்னும் நம்பிக்கையும் ஒரே நாளில் அவனை விட்டு நீங்குகின்றன. அவன் கிறிஸ்துவின்மேல் விசுவாசமுடையவனாயின், காலோடு கூட விசுவாசமும் சோதனைக்குள்ளாகிறது. அச்சோதனை எத்தன்மையது, அதனூடே வளர்ச்சி உண்டாவது எங்ஙனம் என்பவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

முதற்கண், காயத்தின் இயல்பை அறிதல் நலம். தடுக்கி விழுந்து எலும்பு முறிவது ஒருவகை. விழாமலே, பன்முறை தாக்கும் பளுவினால் எலும்பில் நுண்ணிய வெடிப்பு உண்டாவது மற்றொரு வகை. 1855-ஆம் ஆண்டில் பிரய்ட்ஹாப்ட் என்னும் பிரஷ்ய இராணுவ வைத்தியர், நெடுந்தூரம் நடந்த போர்வீரரின் பாதங்கள் வீங்கி நோவதைக் கண்டு எழுதினார். அதன் காரணம் அப்பொழுது விளங்கவில்லை. 1895-இல் ரான்ட்ஜன் எக்ஸ்ரே கதிர்களைக் கண்டறிந்தார். 1897-இல் அவ்வீக்கத்தினுள்ளே எலும்பு வெடித்திருப்பது படத்தில் தெரியவந்தது. இன்று இக்காயம் ஓட்டக்காரரின் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பிலும் பாதத்து எலும்புகளிலும் மிகுதியாகக் காணப்படுகிறது. தொடக்கத்தில் எக்ஸ்ரே படத்திலும் அது புலப்படாமலிருப்பதுண்டு, எம்.ஆர்.ஐ. படமே அதனை முந்திக் காட்டும்.

எலும்பு கல்லைப்போல் மாறாத பொருளன்று, உயிருள்ளது. பளு அதன்மேல் விழுந்தோறும், ஒருவகை உயிரணுக்கள் பழைய எலும்பைக் கரைத்து அகற்றுகின்றன. வேறொருவகை உயிரணுக்கள் அவ்விடத்தில் புதிய எலும்பைக் கட்டுகின்றன. கரைக்கும் வேலை சில வாரங்களில் முடிந்துவிடும். கட்டும் வேலைக்கோ சில மாதங்கள் செல்லும். ஆதலால் இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலத்தில் எலும்பு முன்னிலும் மெலிந்திருக்கிறது. அக்காலத்தில் ஓய்வின்றித் தூரத்தை உயர்த்திக்கொண்டே போவோர்க்கும், உணவையும் உறக்கத்தையும் குறைத்துக்கொண்டு பழகுவோர்க்கும் வெடிப்பு உண்டாகிறது. பளுவைத் தவிர்த்தால் இத்தகைய காயங்களிற் பெரும்பாலானவை 6 முதல் 8 வாரங்களில் ஆறிவிடும். சில எலும்புகளுக்கு அதனினும் நீண்ட காலம் வேண்டும். ஓட்டம் வலிமையைத் தூண்டுகிறது. அவ்வலிமை கட்டப்படுவதோ ஓய்விலே என்பது இதனால் பெறப்படும்.

நிற்க. உடலைக் குறித்த இவ்வுண்மை ஆன்மாவுக்கும் ஒருவாறு பொருந்தும். கலாசாலை மாணவர் பலர் ஜெபக்கூட்டத்திற்கும், ஞாயிற்றுக்கிழமைப் பாடசாலைக்கும், கிராம ஊழியத்திற்கும் விரைந்து செல்கின்றனர். இவையெல்லாம் நல்லவையே. எனினும், தேவசமூகத்தில் அமர்ந்திருக்கும் வேளை இல்லாதபோது, உள்ளிருந்து கரைவது மிகுதியாகவும் கட்டப்படுவது குறைவாகவும் ஆகிவிடுகிறது. காயம் அவ்வமர்ந்திருத்தலைக் கட்டாயமாக்குகிறது. அவன் விரும்பி ஏற்றதன்று அது, ஆயினும் பயன்படுத்திக்கொள்ளத்தக்கது.

படுத்திருப்பவனுடைய உள்ளத்தில் முதலில் எழும் வினா, இஃது எதற்கான தண்டனை என்பதே. பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்கள் இவ்வினாவையே ஆண்டவரிடம் கேட்டனர். யாருடைய பாவத்தினாலும் அன்று என்று அவர் மறுத்துரைத்ததை யோவான் சுவிசேஷத்தின் 9-ஆம் அதிகாரத்திற் காணலாம். எலும்பு வெடித்ததற்குப் பளுவும் ஓய்வின்மையும் காரணங்களாயிருக்க, அதன்மேல் தெய்வ கோபத்தையும் ஏற்றிவைப்பது தகாது.

இரண்டாவது வினா, ஜெபித்தும் ஏன் விரைவில் சுகமாகவில்லை என்பது. இதற்குப் பவுல் அப்போஸ்தலரின் வாழ்க்கையை நோக்குவோம். அவர் ஒன்றரை ஆண்டு தங்கியிருந்த கொரிந்து நகருக்கு அண்மையில், இரண்டு ஆண்டுகளுக்கொருமுறை இஸ்த்மிய விளையாட்டுக்கள் நடைபெற்றன. வெற்றி பெற்றவருக்குச் சூட்டப்பட்டது விரைவில் வாடிப்போகும் தழைமுடியே. அச்சபைக்கு எழுதிய முதல் நிருபத்தில் அவர் ஓட்டக்காரனை உவமையாக எடுத்துக்கொண்டது கேட்டோருக்கு எளிதில் விளங்கியிருக்கும். அதே சபைக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், தம் உடலில் தைத்த முள்ளைப்போன்ற ஒரு துன்பத்தைப்பற்றிக் கூறுகிறார். அதை நீக்கும்படி மும்முறை வேண்டினார், அது நீங்கவில்லை. அதைத் தாங்குவதற்கு வேண்டிய கிருபை குறைவுபடாது என்னும் மறுமொழியே கிடைத்தது. ஓடுகிறவனைப்பற்றி எழுதிய கையே, பெலவீனத்தைப்பற்றியும் எழுதியது. இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்கிறவனே பவுலின் கருத்தை முழுமையாக அறிவான்.

சரித்திரத்திலிருந்தும் ஓர் உதாரணம் காட்டுவோம். 1521-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள், ஸ்பெயின் தேசத்துப் பம்ப்லோனா கோட்டையைக் காத்துநின்ற இஞ்ஞாசியாரின் வலது காலைப் பீரங்கிக் குண்டு முறித்தது. லொயோலாவிலுள்ள அவருடைய இல்லத்திற்கு அவரைச் சுமந்துகொண்டு போயினர். எலும்பு நேராகக் கூடாமையால் மீண்டும் முறித்துப் பொருத்தினர். பின்னும் புறத்தே துருத்திய எலும்பு அழகுக்குக் குறைவென்று, அவரே வேண்டியபடி அறுத்தெடுத்தனர். மயக்க மருந்து அறியப்படாத காலம் அது. பொழுதுபோக்குக்கு வீரர் கதைகள் கேட்டார். அவை அவ்வீட்டில் இல்லாமையால், கிறிஸ்துவின் சரித்திரமும் பரிசுத்தவான்களின் சரித்திரங்களும் கொடுக்கப்பட்டன. உலகப் புகழை எண்ணியபோது உண்டான இன்பம் சிறிது நேரத்தில் வறண்டுபோவதையும், கிறிஸ்துவைப் பின்பற்றுவதை எண்ணியபோது உண்டான மகிழ்ச்சி நிலைத்திருப்பதையும் அவர் கவனித்தார். அக்கவனிப்பே அவருடைய வாழ்க்கையைத் திருப்பியது. கால் நொண்டியாகவே நின்றது. அக்காலோடே 1523-இல் எருசலேமுக்குப் பயணமானார். அவர் நிறுவிய சேசு சபை 1540-இல் பாப்பரசரின் அங்கீகாரம் பெற்றது.

அண்மைக்கால ஓட்டக்காரருள்ளும் ஒருவரைக் குறிப்பிடலாம். அமெரிக்கரான ரையன் ஹால், தம் கிறிஸ்தவ விசுவாசத்தை வெளிப்படையாக அறிக்கை செய்பவர்; 2011-இல் பாஸ்டன் மாரத்தானை 2 மணி 4 நிமிடம் 58 விநாடியில் ஓடியவர். மறு ஆண்டு லண்டன் ஒலிம்பிக் மாரத்தானில் தொடைத் தசை நொந்து பாதிவழியிலேயே நின்றார். 2016-இல் உடற்சோர்வினால் பந்தயத்தை விட்டு விலகினார். விலகியபின்னும் அவரது விசுவாசம் விலகவில்லை. விரைவாக ஓடுவதே ஒருவனுடைய மதிப்பாயின், விரைவு போனபோது மதிப்பும் போகும். தேவனுடைய பிள்ளை என்பதே அவனுடைய மதிப்பாயின், கால் நின்றாலும் அது நில்லாது.

இனி, காயமுற்ற மாணவன் செய்யத்தக்கவை யாவை?

முதலாவது, துக்கத்தை மறையாது தேவனிடம் சொல்லுதல். சங்கீதங்கள் 150-இல் முறையிடுதலும் புலம்புதலுமாக உள்ளவை பல. பக்தர் அழுதது விசுவாசக் குறைவினாலன்று. கேட்பவர் ஒருவர் உண்டென்னும் துணிவினாலேயே.

இரண்டாவது, ஓடிய வேளையையே ஜெபத்துக்கும் வாசிப்புக்கும் ஒதுக்குதல். மாற்கு சுவிசேஷம் 16 அதிகாரங்கள் கொண்டது. நாளொன்றுக்கு ஓர் அதிகாரமாக வாசித்தால், 48 நாட்களில் மும்முறை முடிக்கலாம். எலும்பு ஆறுவதற்கும் ஏறக்குறைய அத்தனை நாட்களே செல்லும்.

மூன்றாவது, பிறர் உதவியை மனமுவந்து ஏற்றல். அதே சுவிசேஷத்தின் 2-ஆம் அதிகாரத்தில் திமிர்வாதக்காரனை நால்வர் சுமந்துவந்து, கூரையைப் பிரித்து இறக்கினர். அவன் செய்ததெல்லாம் சுமக்கப்படுவதற்கு இசைந்ததே. சாப்பாட்டுத் தட்டைத் தோழன் கொண்டுவரும்போது வெட்கப்படுகிறவன் இதனைச் சிந்திப்பானாக.

நான்காவது, மைதானத்தை வெறுத்து ஒதுங்காமை. நேரம் குறிக்கவும், தண்ணீர் கொடுக்கவும், புதிதாக வந்த மாணவரை ஊக்கப்படுத்தவும் ஒருவன் வேண்டும். தான் பெற்றிருக்கக்கூடிய பரிசைத் தோழன் பெறும்போது உண்மையாக மகிழ்தல் கடினமான பயிற்சி. நூறு கஜம் ஓடுவதினும் கடினம்.

ஐந்தாவது, வைத்தியர் சொல்லுக்குக் கீழ்ப்படிதல். வலி சிறிது குறைந்தவுடன் ஓடிப்பார்க்கும் ஆசை எழும். அதனை விசுவாசம் என்று பெயரிட்டு அழைப்பாருமுண்டு. இச்சையடக்கம் ஆவியின் கனிகளுள் ஒன்றாதலால், பொறுத்திருத்தலே அவ்வேளையில் விசுவாசத்தின் செயலாகும். நீந்துதல் முதலிய பயிற்சிகளை வைத்தியர் அனுமதிப்பாராயின், அவற்றை நன்றியோடு செய்யலாம்.

இங்ஙனம் கழிந்த வாரங்களின் பயன், கால் ஆறியபின்னரே நன்கு தெரியவரும். மைதானம் அழைக்கும்போது ஜெபவேளை மறைந்துபோகுமாயின், நோய்க்கால பக்தி நோயோடே போயிற்று. இரண்டும் ஒருங்கே நிலைக்குமாயின், ஓட்டமும் ஆராதனையாகும். சிலருக்கு அக்கால் முன்போல் ஆகாமலும் போகலாம். அவர்களிடம் விரைவில் சுகமாகும் என்று வாக்களிக்க நமக்கு அதிகாரமில்லை. தனியாய் விடப்படமாட்டீர்கள் என்று சொல்ல அதிகாரமுண்டு. அச்சொல்லை மெய்யாக்குவது, அவர்களோடு மரநிழலில் சிறிது நேரம் அமர்ந்திருக்கும் நம் ஒவ்வொருவருடைய கடமையாகும்.