கேமராவில் பதிந்த பேய்: எந்த வயதுப் பிள்ளை பார்க்கலாம்?



சென்ற மாதம் ஒரு நாள் அஸருக்குப் பிறகு, நமதூர்த் தாயார் ஒருவர் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தார். பதினான்கு வயது மகன் பத்து நாளாகச் சரியாகத் தூங்குவதில்லை. வீட்டுக் கூடத்தில் இருக்கும் சிசிடிவி கேமராவை இரவானால் துண்டு போட்டு மூடிவிடுகிறான். பையனின் அத்தா சவூதியில் இருக்கிறார். அங்கிருந்தே வீட்டைப் பார்த்துக்கொள்ளலாம் என்று கேமராவை மாட்டியவரே அவர்தான். படம் தெரியவில்லையே என்று அவர் தினமும் போன் செய்கிறார். வெளியூரில் ஒருவரிடம் போய் மூவாயிரம் ரூபாய் கொடுத்துத் தாயத்தும் வாங்கியாகிவிட்டது. "ஓதிப் பார்க்க யாரையாவது அனுப்புங்கள்" என்பதுதான் அவர் கேட்டது.

பையனைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினோம். அரைமணி நேரத்தில் விஷயம் வெளியே வந்தது. ஜின் தொல்லையும் இல்லை, செய்வினையும் இல்லை. நண்பனின் போனில், இரவில், காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு 'பாராநார்மல் ஆக்டிவிட்டி 2' என்ற அமெரிக்கப் படத்தைப் பார்த்திருக்கிறான். அது நிஜமாக நடந்தது, போலீஸ் எடுத்து வைத்திருந்த வீடியோ என்று நண்பன் சொல்லியிருக்கிறான். இவன் நம்பிவிட்டான்.

இதைக் கேள்விப்பட்ட பெற்றோர் சிலர், இந்தப் படங்களைப் பிள்ளைகள் பார்க்கலாமா, எந்த வயதில் பார்க்கலாம் என்று எங்களிடம் கேட்டார்கள். சினிமாவே வேண்டாம் என்று சொல்லும் பெரியவர்களின் கருத்தை மதிக்கிறோம். ஆனால் போன் பிள்ளைகளின் கையில் இருக்கிறது, கேட்டவர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அதற்காக நிர்வாகிகள் இருவர் அந்தப் படத்தைப் பகல் நேரத்தில் முழுதாகப் பார்த்தோம்.

இந்த வகைப் படங்களை 'ஃபவுண்ட் ஃபுட்டேஜ்' என்கிறார்கள். யாரோ எடுத்த வீடியோ பிறகு நம் கைக்குக் கிடைத்தது போன்ற பாவனை. கேமரா ஆடும், வெளிச்சம் போதாது, பின்னணி இசை இருக்காது. 1999-இல் வந்த 'பிளேர் விட்ச் புராஜெக்ட்'தான் இதை உலகமெங்கும் பிரபலமாக்கியது. அதில் நடித்த மூவரும் தங்கள் சொந்தப் பெயரிலேயே நடித்தார்கள். காட்டுக்குப் போய்க் காணாமல் போனவர்கள் என்று அவர்களுக்குச் சுவரொட்டி கூட ஒட்டினார்கள். நடித்த பெண்ணின் தாயாருக்கு அனுதாபக் கடிதங்கள் வந்தனவாம். பெரியவர்களே ஏமாந்த இடத்தில் நம் பையனைக் குறை சொல்வதற்கில்லை.

'பாராநார்மல் ஆக்டிவிட்டி' முதல் பாகத்தை ஓரன் பெலி என்பவர் தன் சொந்த வீட்டிலேயே, ஏறக்குறைய 15,000 டாலர் செலவில் எடுத்தார். 2009-இல் திரையரங்குகளுக்கு வந்து பெரும் வசூல் செய்தது. அடுத்த ஆண்டே இரண்டாம் பாகம். அதில் ஒரு குடும்பம்: தகப்பன், இரண்டாம் மனைவி, மூத்த தாரத்தின் வாலிப மகள், கைக்குழந்தை, ஒரு நாய். யாரோ வீட்டைக் கலைத்துப் போட்டதைக் கண்டு திருட்டு என்று நினைத்த தகப்பன், வீடு முழுக்கப் பாதுகாப்புக் கேமரா மாட்டுகிறார். அந்தக் கேமராக்கள் பார்ப்பதைத்தான் நாமும் பார்க்கிறோம். சமையலறை, மாடிப்படி, தொட்டில், மூலையில் ஓடும் நேரம். பல நிமிடங்கள் ஒன்றுமே நடக்காது. பிறகு பட்டப்பகலில் சமையலறை அலமாரிக் கதவுகள் அத்தனையும் ஒரே நொடியில் படாரென்று திறக்கும்.

ரத்தம் அதிகமில்லை, ஆபாசமும் பெரிதாக இல்லை. அதனால்தான் "இதில் என்ன இருக்கிறது" என்று பெரியவர்கள் நினைத்துவிடுகிறார்கள். மற்ற பேய்ப் படங்களில் பேய் பாழடைந்த பங்களாவில் இருக்கும், படம் முடிந்தால் அங்கேயே நின்றுவிடும். இதில் பயம் கூடத்துக் கேமராவிலும் சமையலறைக் கதவிலும் தொட்டிலிலும் இருக்கிறது. பிள்ளை படத்தை மூடிவிட்டுத் தலையைத் தூக்கினால் அதே கேமரா, அதே கதவு. நமதூரில் பாதி வீடுகளில் அத்தா வெளிநாட்டில், கூடத்தில் கேமரா.

வயதுக் குறியீட்டைப் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். பார்க்கத்தான் வேண்டும். நம் நாட்டில் திரையரங்குப் படங்களுக்குத் தணிக்கை வாரியம் கொடுக்கும் யு, யுஏ, ஏ என்ற எழுத்துகளை எல்லோரும் அறிவோம். 2023-இல் சட்டம் திருத்தப்பட்டு, யுஏ என்பது 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டது. ஏ படத்துக்கு 18 வயது ஆகாதவரைத் திரையரங்கில் உள்ளே விடக்கூடாது. யுஏ அப்படியல்ல, அது பெற்றோருக்கான அறிவுரை மட்டுமே. முடிவு நம்முடையது, வாசலில் யாரும் தடுக்க மாட்டார்கள். ஓடிடி தளங்களுக்கு 2021 விதிகளின்படி இதே போன்ற வயது வகைகள் உண்டு. 13-க்கு மேற்பட்ட வகைகளுக்குப் பெற்றோர் பூட்டு வைக்கும் வசதியை அவர்கள் தர வேண்டும். வன்முறை, கெட்ட வார்த்தை போல 'திகில்' என்பதும் அங்கே ஓர் அளவுகோல். ஆனால் டெலிகிராமில் வரும் பிரதிக்கு எந்த எழுத்தும் இல்லை. நம் பையன் பார்த்தது அப்படிப்பட்ட ஒன்றைத்தான்.

எழுத்து இருந்தாலும் அது எதை அளக்கிறது என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் முதல் பாகத்துக்கு ஆர் என்ற குறியீடு கொடுத்தார்கள். 17 வயதுக்குக் கீழ் என்றால் பெரியவர் துணை வேண்டும் என்று பொருள். அதற்கு அவர்கள் சொன்ன காரணம் கெட்ட வார்த்தைகள்! பயத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. இத்தாலியில் 2010 பிப்ரவரியில் அதே படத்தை வயதுத் தடையின்றி வெளியிட்டார்கள். பிள்ளைகள் பலர் பதறி மூச்சுத் திணறியதாகச் செய்திகள் வந்து, சிறுவர்களுக்குத் தடை செய்யுங்கள் என்று அங்குள்ள அரசியல்வாதிகளே கேட்டார்கள். அந்த ஆண்டு டெக்சாஸ் மாநிலத்தில், இரண்டாம் பாகத்தின் முன்னோட்டம் மட்டுமே மிகவும் பயமுறுத்துகிறது என்று புகார் வந்து சில திரையரங்குகள் அதை நிறுத்தின.

எங்கள் கருத்தைச் சொல்கிறோம். 13-க்குக் கீழ் இந்தப் படம் வேண்டவே வேண்டாம். 13 முதல் 15 வரை நாங்கள் கொடுக்க மாட்டோம். நண்பர்கள் வழியாக முன்பே பார்த்துவிட்டார்கள் என்றால் திட்டாதீர்கள், திட்டினால் அடுத்த முறை சொல்லமாட்டார்கள். 16, 17 வயதுப் பிள்ளை பார்த்தே தீருவேன் என்றால் பகலில், டிவியில், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கப் பார்க்கட்டும். போனும் இயர்போனும் வேண்டாம். பயமுறுத்தும் இடத்துக்கு முன்னால் தாழ்ந்த உறுமல் போல ஒரு சத்தம் வரும், வேலை செய்வது அதுதான். ஒருமுறை ஒலியை அணைத்துவிட்டு அந்த இடத்தைப் போட்டுக் காட்டுங்கள். எங்கள் பையன் சிரித்துவிட்டான்.

பயத்தைவிட எங்களை உறுத்திய இடம் ஒன்று உண்டு. கடைசியில் தகப்பன் தன் மனைவியைக் காப்பாற்ற, அந்தத் தீய சக்தியை மனைவியின் உடன்பிறந்த சகோதரி மேல் தள்ளிவிடுகிறார். அது திரும்பி வந்து அவரையும் மனைவியையும் கொல்கிறது, குழந்தையைத் தூக்கிப் போகிறது. தன் வீடு தப்பினால் போதும், அடுத்த வீடு எப்படிப் போனால் என்ன என்ற அந்தக் கணக்கைப் பற்றி 17 வயதுப் பிள்ளையிடம் பேசலாம். 13 வயதுப் பிள்ளைக்கு அது புரியாது, கொலை மட்டும்தான் நினைவில் நிற்கும்.

நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஜின் உண்டு என்று நாம் நம்புகிறோம். அதனால் "அதெல்லாம் கிடையாது, பொய்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாது. பிள்ளையிடம் பிரித்துச் சொல்லுங்கள்: நம் நம்பிக்கை வேறு, இந்தப் படத்தில் இருப்பது சம்பளம் வாங்கி நடித்தவர்கள். முதல் பாகத்தின் கதாநாயகி கேட்டி என்ற தன் சொந்தப் பெயரில் நடித்தவர், இரண்டாம் பாகத்திலும் வந்து நடித்துவிட்டுப் போனார். தூங்கும் முன் ஓதும் துஆவை வழக்கம்போல ஓதட்டும். தாயத்துக்குக் காசு கொடுக்காதீர்கள்.

2025 மார்ச்சில் 'மர்மர்' என்று தமிழிலேயே இந்த வகைப் படம் வந்துவிட்டது. யூடியூப் வைத்திருக்கும் இளைஞர்கள் கேமராவோடு ஜவ்வாது மலைக்குப் பேய் தேடிப் போகும் கதை. அதன் பிறகு நமதூர் வாலிபர்கள் சிலர் இரவில் போன் வெளிச்சத்தில் உப்பளப் பக்கமும் கழிமுகப் பக்கமும் 'வீடியோ எடுக்க'ப் போனதாகக் கேள்விப்பட்டோம். அங்கே பேய் கிடைக்காது. சேறு, பாம்பு இரண்டும் தாராளமாகக் கிடைக்கும். போகவும் வரவும் கிழக்குக் கடற்கரைச் சாலையை இருட்டில் கடக்க வேண்டும்.

ஓடிடி தளங்களில் பெற்றோர் பூட்டு வைக்கத் தெரியாதவர்கள், சனிக்கிழமை அஸருக்குப் பிறகு போனோடு அலுவலகத்துக்கு வரலாம், வைத்துத் தருகிறோம். பிள்ளையைக் கூட்டிவர வேண்டாம். சென்ற முறை ஒருவர் ரகசிய எண்ணை மகனிடமே கேட்டுத்தான் போட்டார்.