ஒரே வீட்டில் மூன்று சட்டங்கள்



ஒரு தாயின் மூன்று பிள்ளைகள். ஒரே சட்டியில் உண்டு, ஒரே பாடசாலைக்குச் சென்று, ஒரே மொழியில் சண்டை பிடித்து வளர்ந்தவர்கள். ஆனால் நாட்டின் சட்டத்துக்கு முன்னால் ஒருவர் பிரஜை. ஒருவர் கேட்டால் பிரஜையாகும் உரிமை உடையவர். ஒருவரோ அமைச்சு மனம் வைத்தால் மாத்திரமே பிரஜையாகக் கூடியவர். இப்படியும் நடக்குமா என்று கேட்கிறீர்களா? பிரித்தானியாவில் குடியேறிய ஐரோப்பியக் குடும்பங்களில் இது நடந்துதான் இருக்கிறது.

நம் நாட்டிலிருந்து ஜேர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்து என்று போய், அந்நாடுகளின் கடவுச்சீட்டுப் பெற்று, பின்னர் லண்டனுக்கு இடம் மாறியவர்கள் பலர். உங்கள் உறவினரும் அவர்களுள் இருக்கலாம். ஆகவே இது யாருடைய கதையோ என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்.

பிறந்த மண் மட்டும் போதாது

பிரித்தானியாவில் பிறந்த பிள்ளை பிரித்தானியப் பிள்ளைதானே என்று பலர் நினைக்கிறார்கள். 1983 ஜனவரி முதலாம் திகதிக்கு முன்னர் அது பெரும்பாலும் சரி. அன்று நடைமுறைக்கு வந்த 1981ஆம் ஆண்டின் சட்டம் அதை மாற்றியது. பிள்ளை பிறக்கும் வேளையில் தாயோ தந்தையோ பிரித்தானியப் பிரஜையாக அல்லது நிரந்தர வதிவிடம் பெற்றவராக இருந்தால்தான் பிள்ளை பிறப்பிலேயே பிரஜையாகும். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் பிறந்த இடத்தைச் சொல்லும், பிரஜாவுரிமையைச் சொல்லாது. நம் நாட்டிலும் பிறந்த மண்ணை விடப் பெற்றோரின் பிரஜாவுரிமையே கணக்கு என்பதால் இது உங்களுக்கு விளங்கச் சிரமமிராது.

இனி ஓர் உதாரணம். நெதர்லாந்துப் பிரஜைகளான சோமாலியக் குடும்பங்கள் பல, 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் இங்கிலாந்தின் லெஸ்டர் நகருக்குக் குடிபெயர்ந்தன. அப்படியொரு குடும்பம் 2002இல் வந்து சேர்ந்ததாக வைத்துக்கொள்வோம். தந்தை வந்த நாள் முதல் தொழில் செய்கிறார்.

மூத்த மகள் 2001இல் ரொட்டர்டாமில் பிறந்தவள். கைக்குழந்தையாக வந்து லெஸ்டரிலேயே வளர்ந்தாலும், பிரித்தானியாவில் பிறக்காததால் அவளுக்குப் பிறப்பின் வழியான உரிமை கிடையாது. பதினெட்டு வயதுக்கு முன் பெற்றோர் விண்ணப்பித்திருந்தால் உள்துறை அமைச்சு தன் விருப்புரிமையின்படி பதிவு செய்திருக்கலாம். அந்த வயது தாண்டியபின் அவள் வளர்ந்தோருக்குரிய வழியில், ஆங்கில மொழித் தகைமையும் நாட்டைப் பற்றிய பரீட்சையும் முடித்தே பிரஜையாக வேண்டும்.

நடுமகன் 2003இல் லெஸ்டரில் பிறந்தவன். அப்போது பெற்றோருக்கு நிரந்தர வதிவிடம் இல்லை. ஆகவே அவன் பிறப்பால் பிரஜை அல்லன். ஆனால் 2006 ஏப்ரல் 30 முதல், ஐந்தாண்டுகள் தொழில் செய்து வாழ்ந்த ஐரோப்பியருக்கு நிரந்தர வதிவிடம் தானாகவே கிடைக்கும் விதி வந்தது. 2007இல் தந்தை அதைப் பெற்றார். அன்றிலிருந்து பதினெட்டு வயது வரை மகனைப் பிரஜையாகப் பதியும் உரிமை இருந்தது. இன்னொரு வழியும் உண்டு. பிரித்தானியாவில் பிறந்து முதல் பத்து வயதையும் அங்கேயே கழித்தவர், பெற்றோரின் நிலை எதுவானாலும், எந்த வயதிலும் பதிவுக்கு உரிமை கோரலாம். ஆனால் அந்தப் பத்தில் எந்த வருடத்திலும் 90 நாட்களுக்கு மேல் வெளிநாட்டில் தங்கியிருக்கக் கூடாது என்பது பொது விதி. பத்து வயதைத் தாண்டியோரின் நன்னடத்தையும் பார்க்கப்படும்.

இளையவள் 2009இல் பிறந்தவள். தந்தை ஏற்கெனவே நிரந்தர வதிவிடம் பெற்றிருந்ததால் அவள் பிறந்த நொடியிலிருந்தே பிரித்தானியப் பிரஜை. அவளுக்குப் பதிவும் தேவையில்லை, பதிவுக் கட்டணமும் தேவையில்லை. கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்தால் போதும். ஆனால் தந்தை 2002 முதல் 2007 வரை தொழில் செய்தார் என்பதற்குச் சான்று காட்ட வேண்டும். வீட்டில் கிடக்கும் பழைய சம்பளச் சீட்டைக் குப்பை என்று எறிந்த தாய், மகளின் பிரஜாவுரிமைச் சான்றையே எறிந்தவளாகிறாள்!

பிரெக்சிட்டுக்குப் பின்னர்

2020 ஜனவரி 31இல் பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியது. அந்த ஆண்டின் இறுதிக்குள் அங்கு வாழத் தொடங்கியிருந்த ஐரோப்பியர் தம் உரிமையைக் காத்துக்கொள்ள 2021 ஜூன் 30க்குள் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. ஐந்தாண்டு வாழ்ந்தவருக்கு ‘செட்டில்ட்’ என்னும் நிரந்தர அந்தஸ்து. குறைவாக வாழ்ந்தவருக்கு ‘பிரீ செட்டில்ட்’ என்னும் தற்காலிக அந்தஸ்து.

இங்கேதான் பலர் இடறினார்கள். தாய் தந்தையின் விண்ணப்பம் பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி விண்ணப்பம் வேண்டும். ‘நாங்கள் போட்டுவிட்டோம், பிள்ளைக்கு எதற்கு?’ என்று இருந்துவிட்ட குடும்பங்கள் உண்டு. தாமதத்துக்கு நியாயமான காரணம் காட்டினால் இன்றும் விண்ணப்பிக்கலாம். பிள்ளைக்காகப் பெற்றோர் விண்ணப்பிக்கத் தவறியதும் அத்தகைய காரணமாகக் கருதப்படலாம்.

இன்று பிறக்கும் பிள்ளையின் நிலை என்ன? பெற்றோரில் ஒருவர் ‘செட்டில்ட்’ என்றால், அங்கு பிறக்கும் பிள்ளை பிரஜை. இருவருமே ‘பிரீ செட்டில்ட்’ என்றால் பிள்ளை பிரஜை அல்ல. பிறந்து மூன்று மாதத்துக்குள் அதற்கு அந்தஸ்துக் கோர வேண்டும். பின்னர் பெற்றோரில் ஒருவர் ‘செட்டில்ட்’ ஆனதும் பிள்ளையைப் பிரஜையாகப் பதியலாம்.

அந்தஸ்து இருக்கிறதே, பிரஜாவுரிமை எதற்கு என்றும் கேட்கலாம். ‘செட்டில்ட்’ அந்தஸ்து, தொடர்ந்து ஐந்தாண்டுகள் நாட்டுக்கு வெளியே இருந்தால் இல்லாமற் போய்விடும். பாட்டியின் ஊரில் சில வருடம் படிக்கட்டும் என்று பிள்ளையை அனுப்புவோர் இதை நினைவிற் கொள்ள வேண்டும். பிரஜாவுரிமை அப்படி வெளியே இருந்ததால் போகாது.

பணமும் மறுபக்கமும்

வதிவிட விண்ணப்பம் இலவசம். ஆனால் பிள்ளையைப் பிரஜையாகப் பதிய 2025இல் ஆயிரம் பவுணுக்கு மேல் செலவானது. மூன்று பிள்ளைகள் உள்ள கூலித் தொழிலாளி எங்கே போவார்? இந்தக் கட்டணத்தை நிர்ணயித்தபோது பிள்ளைகளின் நலன் உரியவாறு கருதப்படவில்லை என 2021இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022 ஜூனிலிருந்து, கட்ட வசதியற்ற குடும்பங்கள் கட்டண விலக்குக் கோர வழி பிறந்தது. இதை அறியாமல் காசு சேரட்டும் என்று காத்திருந்து, பிள்ளையின் பதினெட்டு வயதைத் தாண்டவிடுவது பெரும் நட்டம்.

அவசரமும் ஆகாது. சில நாடுகள் இரட்டைப் பிரஜாவுரிமையை எளிதில் ஏற்பதில்லை. வளர்ந்த ஒருவர் தானாக விரும்பி வேறு நாட்டுப் பிரஜையானால் நெதர்லாந்து பொதுவாகத் தன் பிரஜாவுரிமையை நீக்கிவிடும். ஜேர்மனியோ 2024 ஜூன் 27 முதல் அந்தத் தடையை அகற்றிவிட்டது. ஆகவே இரு நாட்டுச் சட்டத்தையும் விசாரித்து, அனுமதி பெற்ற குடிவரவு ஆலோசகரைக் கேட்டே கையெழுத்திட வேண்டும்.

சகோதரிகளே! மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து சிறுவயதில் பெற்றோரோடு பிரித்தானியா சென்றவர்கள், தலைமுடி நரைத்தபின், பத்திரம் இல்லை என்பதற்காகத் தொழிலையும் வீட்டையும் இழந்தனர். சிலர் நாடு கடத்தவும் பட்டனர். ‘விண்ட்ரஷ்’ விவகாரம் என்று 2018இல் உலகம் அதை அறிந்தது. அவர்கள் குற்றம் செய்தவர்கள் அல்லர். சிறுவயதில் அவர்களுக்கென்று ஒரு பத்திரம் எடுத்து வைக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

இன்றிரவே அங்குள்ள உங்கள் உறவுக்கு ஒரு கோல் எடுங்கள். சுகம் விசாரித்தபின் மூன்று கேள்வி கேளுங்கள். பிள்ளை எந்தத் திகதியில், எங்கே பிறந்தது? அன்று பெற்றோரின் அந்தஸ்து என்ன? அதற்கான சான்று வீட்டில் இருக்கிறதா? பதில் தெரியாவிட்டால் தேடச் சொல்லுங்கள். பிள்ளைகள் நம்மிடம் தரப்பட்ட அமானிதம். அவர்களுடைய பத்திரமும் அந்த அமானிதத்தைச் சேர்ந்ததுதான்.