கம்ப்ளைன்ட் குடுத்த அன்னிக்கு சாயங்காலம்

இந்த எபிசோடு ஆரணியில, எங்க வீட்டு மாடியில ரெக்கார்ட் ஆகுது. நடுநடுவுல டக் டக்னு கேட்டா அது பக்கத்து வீட்டு பட்டுத் தறி. எடிட்ல எடுக்க முடியல, பொறுத்துக்கோங்க.

இன்னைக்கு ஸ்கூல் பசங்களுக்குள்ள நடக்கிற புல்லியிங். "சும்மா ஓட்டுறதுக்கெல்லாம் ஒரு எபிசோடா?"ன்னு ஒரு ஃப்ரெண்ட் கேட்டான். ஓட்டுறது வேற, இது வேற. நார்வேயில டான் ஓல்வியஸ்னு ஒரு உளவியலாளர் மூணு அடையாளம் சொன்னார்: வேணும்னே நோகடிக்கணும், அது திரும்பத் திரும்ப நடக்கணும், மாட்டினவனால திருப்பிக் குடுக்க முடியாத அளவுக்கு பலம் ஒரு பக்கமா சாய்ஞ்சிருக்கணும். நம்ம ஊர்ல அந்தப் பலம் பல நேரம் உடம்புல இல்ல, சாதியில, பணத்துல, தெருவுல இருக்கு.

2023 ஆகஸ்ட்ல நாங்குநேரியில நடந்தது ஞாபகம் இருக்கும். வள்ளியூர்ல பிளஸ் டூ படிச்ச பட்டியலின மாணவன். கூடப் படிச்ச பசங்க குடுத்த தொல்லையில ஸ்கூலுக்குப் போறதையே நிறுத்திட்டான். ஏன் வரலைன்னு ஸ்கூல்ல கேட்டாங்க. அவன் நடந்ததைச் சொன்னான். அன்னிக்கு ராத்திரியே வீடு புகுந்து அரிவாளால வெட்டினாங்க. தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அந்தப் பையன் அடுத்த வருஷம் பிளஸ் டூவுல 600க்கு 469 எடுத்தான்.

இதைப் பத்தி பேசுற எல்லாரும் சாதியைப் பத்தி பேசுறாங்க, பேசணும். ஆனா எனக்கு இன்னொண்ணும் உறுத்துது. அந்தப் பையன், நாம பசங்களுக்குச் சொல்ற அறிவுரைப்படிதான் நடந்தான். "டீச்சர்கிட்ட சொல்லு"ன்னு சொல்றோம்ல? சொன்னான். சொன்ன பிறகு ராத்திரி வரைக்கும் அவனைப் பாதுகாக்க ஒரு ஏற்பாடும் இல்ல.

ஆரணி மாதிரி ஊர்ல இது இன்னும் சிக்கல். இங்க நெசவு வீட்டுலயே நடக்குது. அடிக்கிறவன், அடிவாங்குறவன், ரெண்டு பேரோட அப்பாக்களும் ஒரே தெருவுல, சில நேரம் ஒரே முதலாளிக்கு நெய்யுறவங்க. நான் படிச்சப்ப ஒரு பையனுக்கு விரல் இடுக்குல எப்பவும் சாயக்கறை இருக்கும். "சாயம்"னே கூப்பிடுவாங்க, டிபன் பாக்ஸை ஒளிச்சு வைப்பாங்க. ஒரு நாள் வாத்தியார்கிட்ட சொன்னான். அவர் அவனையே கிளாஸ் முன்னாடி நிறுத்தி, "யாருடா உன்னை அப்படிக் கூப்பிட்டது, கை காட்டு"ன்னார். சாயங்காலத்துக்குள்ள தெருவுக்கே தெரிஞ்சிடுச்சு. அதுக்கப்புறம் அவன் யார்கிட்டயும் எதுவும் சொல்லல. கம்ப்ளைன்ட் வரலைன்னா பிரச்சினை இல்லைன்னு ஸ்கூல் நினைச்சுக்கும். எர்ரர் லாக்கை ஆஃப் பண்ணிட்டு சர்வர் நல்லா ஓடுதுன்னு சொல்ற மாதிரி.

சட்டம் இல்லாம இல்ல. 1996ல சிதம்பரத்துல மருத்துவ மாணவர் பொன் நாவரசு கொலையான பிறகு, 1997ல தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் கொண்டு வந்தது. ரெண்டு வருஷம் வரைக்கும் சிறை. எனக்குப் பிடிச்ச பிரிவு வேற: புகார் வந்தும் நிறுவனத் தலைவர் நடவடிக்கை எடுக்கலைன்னா, அவரே குற்றத்துக்கு உடந்தைன்னு கருதப்படுவார். என்னைக் கேட்டா, வாயால சொல்றதை விட ஒரு பேப்பர்ல எழுதிக் குடுக்கிறதுக்கு வெயிட் அதிகம்.

நாங்குநேரிக்குப் பிறகு அரசு போட்ட நீதிபதி சந்துரு ஒருநபர் குழு 2024 ஜூன்ல அறிக்கை குடுத்துச்சு. கைக்கயிறுக்குத் தடைங்கிறதை மட்டும் வச்சு டிவியில சண்டை போட்டாங்க. பெரிய பள்ளிகள்ல இதையெல்லாம் கவனிக்க தனியா ஒரு நல அலுவலர் வேணும்ங்கிற பரிந்துரையைப் பத்தி பெருசா யாரும் பேசல. என்னைக் கேட்டா அதுதான் முக்கியம். பாடம் நடத்துறவர், மார்க் போடுறவர், பஞ்சாயத்து பண்றவர் எல்லாம் ஒரே ஆளா இருந்தா ரகசியம் எங்க தங்கும்?

அப்புறம், வேடிக்கை பார்க்கிறவங்க. கனடாவுல டொரன்டோ பள்ளி மைதானங்கள்ல கேமரா வச்சுப் பார்த்த ஒரு ஆய்வு 2001ல வந்துச்சு. பெரும்பாலான நேரம் சுத்தி மத்த பசங்க நின்னாங்க. யாராவது தலையிட்டது 19% தான். ஆனா தலையிட்டப்போ, பாதிக்கும் மேல 10 செகண்டுக்குள்ள அடங்கிடுச்சு. பத்தே செகண்டு!

பின்லாந்தோட கிவா திட்டம் இதை வச்சுதான் வேலை செய்யுது. துர்க்கு பல்கலைக்கழகத்துல கிறிஸ்டினா சால்மிவள்ளி குழு உருவாக்கினது. பாதிக்கப்பட்டவன்கிட்ட தனியா பேசுவாங்க, சீண்டினவன்கிட்ட தனியா பேசுவாங்க, ரெண்டு பேரையும் எதிரெதிரா நிறுத்த மாட்டாங்க. அப்புறம் கிளாஸ்ல செல்வாக்கான ரெண்டு மூணு பேரைக் கூப்பிட்டு, "அவன் கூட கொஞ்சம் இருங்கப்பா"ன்னு கேட்பாங்க. நம்ம பாஷையில, கெத்தான பசங்க இவன் பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்டா போதும், பாதி கூட்டம் கலைஞ்சிடும். இதுக்கு பட்ஜெட் எதுவும் வேணாம்.

இதைக் கேட்கிற நீங்க சென்னையிலயோ பெங்களூர்லயோ இருப்பீங்க. ஊர்ல தம்பியோ, அக்கா பொண்ணோ ஸ்கூல் போயிட்டிருப்பாங்க. அவங்க ஏதாவது சொன்னா உடனே அந்தப் பையன் வீட்டுக்கு போன் போடாதீங்க. "இது யாருக்குத் தெரியலாம், யாருக்குத் தெரியக்கூடாது?"ன்னு முதல்ல அவங்களையே கேளுங்க. தேதி போட்டு எழுதி, ஹெட்மாஸ்டர்கிட்ட குடுத்து, ஒரு காப்பியில கையெழுத்து வாங்குங்க. கல்வித்துறை உதவி எண் 14417, குழந்தைகளுக்கான உதவி எண் 1098. கம்ப்ளைன்ட் குடுத்த அன்னிக்கு சாயங்காலம் வீட்டுல யாராவது ஸ்கூல் வாசல்ல நின்னு கூட்டிட்டு வரட்டும். அடுத்த ரெண்டு வாரமும்.