இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய கார்: பட்டறைக்கா, காயலான் கடைக்கா?

எண்ணூருக்கும் காருக்கும் உறவு பழையது. ரகுநந்தன் சரண் 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டி, 1949-இல் தன் முதல் ஆஸ்டின் ஏ40 காரை எண்ணூர்த் தொழிற்சாலையிலிருந்து வெளியே விட்டது. 1955-இல் அந்த நிறுவனமே அசோக் லேலண்ட் ஆகி லாரி, பஸ் பக்கம் திரும்பியது. அதே ஆண்டு உருவான என்ஃபீல்டு இந்தியா, பக்கத்திலேயே திருவொற்றியூரில் தொழிற்சாலை போட்டு புல்லட் செய்தது. இன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்திலிருந்து புத்தம்புதுக் கார்கள் வெளிநாடுகளுக்குக் கப்பலேறுகின்றன.

அந்தத் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் டிரெய்லர்களுக்கு நடுவே, பதினைந்து வருஷம் பழகிய ஆல்டோக்களும் சான்ட்ரோக்களும் இண்டிகாக்களும் ஊர்ந்துகொண்டிருக்கின்றன. மீட்டர் 2 லட்சத்தைத் தாண்டியிருக்கும். புகை வருகிறது, எஞ்சின் வேலை செய்ய 60,000 ரூபாய் ஆகும் என்கிறார் மெக்கானிக். வண்டியை விற்றாலே 80,000 தேறாது என்கிறார் புரோக்கர். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று வீட்டில் முணுமுணுப்பு தொடங்குகிறது. செய்வதா, தள்ளிவிடுவதா?

இந்தக் கேள்விக்கு விடை தேடுபவர்கள் முதலில் மீட்டரைப் பார்க்கிறார்கள், அடுத்து விற்பனை விலையை. ராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான கடலோரத்தில் இந்த இரண்டையும்விட முக்கியமானது ஒன்று உண்டு. அது காரின் அடிபாகம்.

எஞ்சினுக்கு மறுபிறவி உண்டு

கார் எத்தனை தூரம் ஓடும் என்பதற்கு உலகம் அறிந்த சாட்சி அமெரிக்காவின் இர்வ் கார்டன். நியூயார்க் மாநிலத்துப் பள்ளி ஆசிரியரான அவர் 1966-இல் வாங்கிய வோல்வோ பி1800, 2013-இல் 30 லட்சம் மைலைத் தொட்டது. நம் கணக்கில் 48 லட்சம் கிலோமீட்டர். இடையில் எஞ்சினைப் பிரித்து வேலை பார்த்திருக்கிறார்கள். கார் அதே கார்தான்.

எஞ்சினில் தேய்வது பெரும்பாலும் மாற்றக்கூடிய பாகம். சிலிண்டர் சுவர் தேய்ந்தால் லேத் பட்டறையில் போர் அடித்து, கால் மில்லிமீட்டரோ அரை மில்லிமீட்டரோ பெரிதான ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். அதற்கும் இடமில்லை என்றால், பல எஞ்சின்களில் ஸ்லீவ் இறக்கலாம். ரிங், வால்வு, பேரிங், கேஸ்கெட் எல்லாம் கடையில் கிடைக்கும் சரக்கு.

புகையின் நிறமே பாதி நோயைச் சொல்லிவிடும். நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் எரிபொருள் அதிகம், காற்று குறைவு. வண்டி சூடான பிறகும் விடாமல் வெள்ளைப் புகை வந்தால் கூலன்ட் உள்ளே கசிகிறது. ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும்.

மீதிப் பாதியைச் சொல்வது கம்ப்ரஷன் டெஸ்ட். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் ஒரு கேஜைத் திருகி, ஸ்டார்ட்டரைச் சில நொடி சுழற்றினால் போதும். நல்ல நிலையில் உள்ள சின்ன பெட்ரோல் எஞ்சினில் முள் சுமார் 150 முதல் 200 பிஎஸ்ஐ வரை ஏறும். மூன்று சிலிண்டர் 170-ஐ ஒட்டி நிற்க, நான்காவது மட்டும் 95-இல் நின்றால் கோளாறு அங்கேதான். அந்தத் துளையில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி சுழற்ற வேண்டும். முள் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. அசையாவிட்டால் வால்வு சரியாக உட்காரவில்லை. முன்னதற்கு எஞ்சினையே பிரிக்க வேண்டும், பின்னதற்குப் பெரும்பாலும் ஹெட் வேலையே போதும். செலவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இந்தச் சோதனை செய்யாமல் "எஞ்சின் போச்சு" என்று யார் சொன்னாலும் நம்பத் தேவையில்லை.

இன்னொன்று: மீட்டர் தூரத்தை மட்டுமே எண்ணும், நேரத்தை எண்ணாது. சராசரியாக மணிக்கு 40 கிலோமீட்டரில் ஓடிய கார் 2 லட்சம் கிலோமீட்டருக்கு 5,000 மணி நேரம் உழைத்திருக்கும். டிரெய்லர் வரிசைக்குப் பின்னால் மணிக்கு 16 கிலோமீட்டரில் நகர்ந்த கார் அதே தூரத்துக்கு 12,500 மணி நேரம். கிளட்ச் பிளேட்டும் ரேடியேட்டர் ஃபேனும் ஆயிலும் இந்த இரண்டாவது கணக்கில்தான் தேய்கின்றன. நெடுஞ்சாலையில் ஓடிய 2 லட்சமும் திருவொற்றியூர் நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்த 2 லட்சமும் ஒன்றாகாது.

துருவுக்கு மீட்டர் கிடையாது

லாரிக்கு சேஸிஸ் தனி, பாடி தனி. எண்ணூரில் தயாராகும் சேஸிஸ் மீது பாடியைக் கட்டுவது பெரும்பாலும் வேறு பட்டறைகள்தான். பாடி இற்றுப்போனால் கழற்றி எறிந்துவிட்டு, அதே சேஸிஸில் புதிதாகக் கட்டிவிடலாம். சுமோ, பொலேரோ போன்ற வண்டிகளும் ஏறக்குறைய இந்த ஜாதி. ஆனால் மாருதி 800, ஆல்டோ, சான்ட்ரோ போன்ற கார்களில் தனியாக சேஸிஸ் இல்லை. தரைத் தகடு, பக்கச் சட்டங்கள், கூரை எல்லாம் ஒன்றாக வெல்டு செய்யப்பட்டு, பாடியே சேஸிஸாக நிற்கிறது. மோனோகாக் என்பது இதுதான். தீப்பெட்டியின் ஒரு பக்க அட்டையைக் கிழித்துவிட்டு அமுக்கினால் முழுப்பெட்டியும் துவள்கிறதே, அதுபோலத்தான் இதில் ஒரு சட்டம் இற்றால் மொத்தக் கூடும் வலுவிழக்கிறது.

கடற்காற்று இந்தக் கூட்டைத்தான் குறிவைக்கிறது. அலை உடையும்போது எழும் நுண்துளிகள் உப்போடு வந்து தகட்டில் படிகின்றன. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு அதில் பாதி ஈரப்பதம்கூடத் தேவையில்லை. மழையே இல்லாத நாளிலும் தகட்டின் இடுக்குகள் ஈரமாகவே இருப்பதற்கு இதுதான் காரணம். அந்த ஈரம் மின்கடத்தியாக மாற, இரும்பு கரைந்து துருவாகிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் மேலே இருக்கும் பெயின்ட் கொப்பளமாகப் புடைக்கிறது. ஆலைப் புகையில் உள்ள கந்தக டை ஆக்சைடும் சேர்ந்துகொண்டால் வேகம் இன்னும் கூடும். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் கடல் அரிப்பைத் தனியாக ஆராய மண்டபத்தில் நிலையம் வைத்திருப்பது சும்மா இல்லை. கடற்கரையிலிருந்து உள்ளே போகப் போக உப்புப் படிவு வெகுவேகமாகக் குறைகிறது. ஒரே மாடல், ஒரே வருஷத்துக் கார் பெரம்பூரில் ஒரு மாதிரியும் காசிமேட்டில் வேறு மாதிரியும் மூப்படையும்.

பார்க்க வேண்டிய முறை எளிது. காரை ராம்ப்பில் ஏற்றி, கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் ரன்னிங் போர்டை ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே வர வேண்டும். கெட்டித் தகடு 'டங்' என்று ஒலிக்கும். இற்ற இடமும், துருவை மறைக்கப் பட்டி அப்பிப் பெயின்ட் அடித்த இடமும் 'தொப்'பென்று மந்தமாக ஒலிக்கும். சந்தேகமான இடத்தில் காந்தம் வைத்துப் பார்க்கலாம். பட்டியில் காந்தம் ஒட்டாது. பிறகு உள்ளே கார்ப்பெட்டைத் தூக்கி, பிளாட்ஃபார்ம் தகட்டைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். கதவின் அடியில் உள்ள வடிகால் துளைகளில் மண் அடைத்திருந்தால் மழைநீர் அங்கேயே தேங்கியிருக்கிறது என்று பொருள். கடைசியாக பானெட்டைத் திறந்து, முன் ஷாக் அப்சார்பரின் தலை பொருந்தும் இடத்தைச் சுற்றிலும் கவனிக்க வேண்டும்.

கதவிலோ மட்கார்டிலோ துரு என்றால் டிங்கரிங் வேலையோடு முடிந்துவிடும். ரன்னிங் போர்டில் கையளவு ஓட்டை என்றால் நல்ல வெல்டர் வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைப்பார். ஷாக் அப்சார்பர் இருக்கையும் லோயர் ஆர்ம் பிடிக்கும் சட்டமும் இற்றிருந்தால், எஞ்சின் எவ்வளவு இனிமையாகப் பாடினாலும் அந்தக் காருக்கு இனி பணம் போடக் கூடாது. விபத்தில் மோதலைத் தாங்க வேண்டியவை அந்தச் சட்டங்கள்தான்.

வெள்ளம் இன்னொரு தனிக் கதை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வடசென்னையை மூழ்கடித்தபோது, எண்ணூர்ப் பகுதியில் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து பரவியது. நீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்தால், சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீர் அமுங்க மறுத்து கனெக்டிங் ராடையே வளைத்துவிடும். எஞ்சின் தப்பினாலும், கார்ப்பெட்டுக்கு அடியில் ஓடும் ஒயரிங்கில் பச்சை பூத்து, ஆறு மாதம் கழித்து ஒவ்வொன்றாகக் கோளாறு தலைகாட்டும். காப்பீட்டு நிறுவனங்கள் இதற்கு ஒரு கோடு வைத்திருக்கின்றன: பழுதுச் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்தக் கார் முழு இழப்பு.

விற்பனை விலையை மறந்துவிட்டுக் கணக்குப் போடலாம்

அந்த 75 சதவீதக் கோடு காப்பீட்டுக்காரருக்குச் சரி. சொந்தக்காரருக்கு அது பொருந்தாது. அவர் காரை விற்கப் போவதில்லை, ஓட்டப் போகிறார். அவர் 60,000 ரூபாயை ஒப்பிட வேண்டியது 80,000 என்ற விலையோடு அல்ல. வேறு கார் வாங்கினால் ஆகும் செலவோடு.

6 லட்சம் ரூபாய்க் கடன், 9 சதவீத வட்டி, ஐந்து வருஷத் தவணை என்று வைத்துக்கொண்டால் மாதம் சுமார் 12,455 ரூபாய் கட்ட வேண்டும். 60,000 ரூபாய் எஞ்சின் வேலை ஐந்து மாதத் தவணைக்கும் குறைவு. பாடி உறுதியாக இருந்து, வேலை பார்த்த எஞ்சின் மூன்று வருஷம் ஓடினால் வருஷத்துக்கு 20,000. தவணையோ வருஷத்துக்கு ஒன்றரை லட்சம். புதுக் காரின் காப்பீடு கூடுதல், முதல் சில வருஷங்களில் மதிப்பு இறங்குவதும் வேகம். பழைய வண்டிக்கு ஆகும் மற்ற சில்லறைச் செலவுகளுக்கு வருஷம் 30,000 சேர்த்தாலும் பழையதே மலிவு.

இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாத தொகை ஒன்று உண்டு: ஏற்கெனவே செலவழித்தது. "போன மாசம்தான் கிளட்ச் போட்டேன், எப்படி விடுறது?" என்பார்கள். போன காசு போனதுதான். அடுத்த மூன்று வருஷத்துக்கு என்ன ஆகும் என்பதை மட்டும் பார்க்க வேண்டும்.

உதிரிபாகமும் முக்கியம். மாருதிக்கோ ஹூண்டாய்க்கோ கிடைக்காத பாகம் குறைவு. புதுப்பேட்டையில் பழையதாகவும் பிடிக்கலாம். 2017-இல் இந்திய விற்பனையை முடித்துக்கொண்ட செவ்ரலே, 2022-இல் மறைமலைநகரில் உற்பத்தியை நிறுத்திய ஃபோர்டு போன்ற வண்டிகளுக்குப் பெரிய வேலை தொடங்குமுன் பாகம் கையிருப்பில் இருக்கிறதா என்று கேட்டுவிடுவது நல்லது.

எந்தப் பட்டறையாலும் சேர்க்க முடியாதவையும் உண்டு. ஏபிஎஸ் பிரேக் எல்லாப் புதுக் கார்களிலும் கட்டாயமானது 2019-இல். ஓட்டுநருக்கான ஏர்பேக்கும் அதே ஆண்டுதான். முன்னால் உட்காரும் பயணிக்கு எல்லாக் கார்களிலும் அது வந்தது 2022-இல். தெருவுக்குள்ளேயே சுற்றும் காருக்கு இது பெரிய குறையாகத் தெரியாது. வாரா வாரம் குடும்பத்தோடு நெல்லூர் நெடுஞ்சாலையில் போகிறவருக்கு, இந்த ஒரு காரணமே வண்டியை மாற்றப் போதும்.

பதினைந்து வருஷம் ஆனால்?

பதினைந்து வருஷம் முடிந்தால் காரை உடைத்தே ஆக வேண்டும் என்ற பேச்சு தவறு. டெல்லி வட்டாரத்தில் டீசலுக்கு 10, பெட்ரோலுக்கு 15 என்று விதித்த வயது வரம்பு சென்னைக்குக் கிடையாது. இங்கே சொந்த உபயோகக் காரின் பதிவு 15 வருஷத்துக்கு; பிறகு ஆர்டிஓ சோதனையில் தேறினால் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்கலாம், பசுமை வரியும் கட்ட வேண்டும். 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் அது 10,000 ஆக உயர்ந்தது.

தள்ளிவிடுவது என்று முடிவானால், காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிட்டு வருவது ஆபத்து. ஆர்சி ரத்தாகாதவரை கார் உரிமையாளர் பெயரிலேயே இருக்கும். அந்த நம்பர் எங்காவது வழக்கில் சிக்கினால் போலீஸ் தேடி வருவது அவரைத்தான். 2021 விதிகளின்படி பதிவுபெற்ற வாகன அழிப்பு மையத்தில் ஒப்படைத்தால், பழைய உலோக விலையோடு வைப்புச் சான்றிதழும் தருவார்கள். அதைக் காட்டினால் புதுக் காருக்குப் பதிவுக் கட்டணம் இல்லை. சாலை வரியில் 25 சதவீதம் வரை சலுகை தர மத்திய விதி மாநிலங்களுக்கு இடம் கொடுக்கிறது. ஒப்படைக்குமுன் வங்கிக் கடன் பதிவை நீக்கி, நிலுவை அபராதங்களைக் கட்டி, ஃபாஸ்டேகை முடக்கிவிட வேண்டும். ஆறு மாதத்துக்குள் மாற்றிய பேட்டரியோ டயரோ இருந்தால், அவற்றைக் கழற்றித் தனியாக விற்றுவிடலாம்.